பாய்மரப் பம்பும் அண்ணனும்

"அவனுக்கு நான் ஒருத்தி இருக்கிறேன்" என்று அன்றைக்கு அந்த வெள்ளைக்காரரிடம் நான் சொல்லவில்லை.

இங்கிலீஷில் சின்ன வாக்கியம்தான். நாக்கு நுனி வரை வந்தது...

விளக்கெண்ணெய் வாசம் மூக்கில் பட்டால் இப்போதும் எனக்குத் தூத்துக்குடி பழைய துறைமுகம்தான். எழுபதுகளின் கடைசி. நான் ஒரு ஷிப்பிங் ஆபீசில் டைப்பிஸ்ட். அண்ணன் செல்வின், லாரி ஜாக்கி ரிப்பேர் பண்ணும் பட்டறையில் ஃபிட்டர். அப்பா எப்போதோ போய்விட்டார். அண்ணனுக்குக் கப்பல் வேலை கிடைத்து, பாஸ்போர்ட்டும் கைக்கு வந்த நேரத்தில் அம்மாவும் போனார்கள். என்னைத் தனியாக விட மாட்டேன் என்று அவன் நின்றுவிட்டான். பாஸ்போர்ட் டிரங்குப் பெட்டிக்குள் போனது. அதைப் பற்றி நாங்கள் பேசிக்கொண்டதே இல்லை.

அந்த வருஷம்தான் ஒரு வெள்ளைக்காரக் கிழவர் சின்னப் பாய்மரப் படகில் வந்து சேர்ந்தார். பாய்மரத்தைப் பின்னாலிருந்து இழுத்துப் பிடிக்கிற கம்பியின் அடியில், ஜாக்கி மாதிரி ஒரு ஹைட்ராலிக் சிலிண்டர். பக்கத்தில் கைப்பம்ப். அடித்தால் கம்பி விறைக்கும், வால்வைத் திறந்தால் தளரும். அது ஒழுகிக்கொண்டிருந்தது. காலையில் இறுக்கினால் மத்தியானத்துக்குள் கம்பி தொய்ந்துவிடும். அதோடு நடுக்கடலுக்குப் போக முடியாது.

ஜாக்கி தெரிந்தவன் என்று அண்ணனைக் கூப்பிட்டார்கள். மொழிபெயர்க்க ஆபீஸ் என்னை அனுப்பியது.

திரேஸ்புரம் தோணிக்காரர்கள் சுற்றி நின்று வேடிக்கை பார்த்தார்கள். தோணி ஓட்டும் தண்டல் ஒருத்தர் சும்மா இருக்க மாட்டார்.

"ஏலே செல்வின், எங்க கயித்துல ரெண்டு வாளித் தண்ணிய ஊத்துனா அதுவா விறைச்சுட்டுப் போவுது. இதுக்குப் போயி பம்பாம், எண்ணெயாம்!"

"வெள்ளைக்காரன்ட்ட வாளி இல்ல அண்ணாச்சி, அதான்" என்றான் அண்ணன், தலையைத் தூக்காமல்.

உள்ளே ரப்பர் சீல் கிழிந்திருந்தது. அந்த அளவில் எங்கேயும் கிடைக்கவில்லை. சைக்கிள் பம்பில் இருக்குமே, அந்த மாதிரி ஒரு தோல் வாஷரை அண்ணனே வெட்டினான். எங்கள் கரையில் கடலுக்குப் போகிற எதற்கும் புன்னை எண்ணெய்தான்... யோசிக்கவே மாட்டோம். அவனும் வாஷரைப் புன்னை எண்ணெயில் ஊறவைத்து மாட்டினான். ஒரு நாள் ஒழுகாமல் நின்றது. மறுநாள் எண்ணெய் பிசின் மாதிரி இறுகி, பம்ப் அசையவே இல்லை.

அவன் முகம் தொங்கிப்போனது. எனக்கு உள்ளூர நிம்மதி. ஏன் என்று அப்போது எனக்கே தெரியவில்லை.

எல்லாவற்றையும் கழற்றிக் கழுவி, புது வாஷர் வெட்டி, இந்தத் தடவை விளக்கெண்ணெயில் ஊறப்போட்டான். தண்டலுக்கு அது போதும்.

"ஏ, அங்கன பாருங்கலே! படகுக்குப் பேதிக்குக் குடுக்கான்!"

துறைமுகமே சிரித்தது. ஆனால் பம்ப் தாக்குப்பிடித்தது. ஒரு சொட்டு ஒழுகவில்லை. பிரஷர் முள் வைத்த இடத்திலேயே இருந்தது.

வெள்ளோட்டம் பார்க்க அண்ணனையும் ஏற்றிக்கொண்டு கிழவர் வெளிக்கடல் வரை போனார். சாயங்காலம் திரும்பி வந்தபோது அண்ணனின் புருவத்தில் உப்புப் பூத்திருந்தது. சிரித்துக்கொண்டே கரையில் குதித்தான். அம்மா போன பிறகு அவன் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

அப்போதுதான் கிழவர் என்னிடம் கேட்டார். அவரோடு வந்த ஆள் கொச்சியிலேயே இறங்கிப் போய்விட்டானாம். இந்தப் பம்பைத் தினமும் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். நல்ல தண்ணீரால் துடைக்க வேண்டும், காற்று புகுந்தால் எடுக்க வேண்டும், எண்ணெய் பார்க்க வேண்டும். கொழும்பு, அங்கிருந்து ஆப்பிரிக்கா...

"உன் அண்ணனை நம்பி வீட்டில் யாராவது இருக்கிறார்களா?"

"யாரும் இல்லை" என்றேன்.

"ஏளா, என்ன கேக்காரு?" என்றான் அண்ணன்.

"கூட வாரியான்னு கேக்காரு."

"நீ என்ன சொன்ன?"

"வருவான்னு சொன்னேன்."

கையிலிருந்த துணியைப் பிழிந்தான். திரும்பவும் பிழிந்தான்.

"அப்ப நீ?"

"எனக்கென்ன... நாசரேத்துல சித்தி இருக்காவல்லா."

"சித்திக்கும் உனக்கும்தான் ஆகாதே."

"இனிமே ஆகும், போ."

அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் இரண்டு பேரில் ஒருத்தர் உடைந்திருப்போம். அன்று வீட்டுக்கு வந்ததும் டிரங்குப் பெட்டியைத் திறந்து பாஸ்போர்ட்டை எடுத்து அவன் சட்டை மேல் வைத்தேன். அவனுக்குப் பிடித்த வாளைமீன் குழம்பு வைத்தேன். "உறப்பு கூடிட்டு" என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டான். உறைப்பு கூடவில்லை.

இப்போது என் பக்கத்து வீட்டுப் பையனும் கப்பலில்தான் இருக்கிறான். அவன் அம்மா போனைச் சாய்த்து வைத்துக்கொண்டுதான் சாப்பிட உட்காருவாள். "மோட்டா மீசையை எடுலே" என்று இங்கிருந்தே அதட்டுவாள். கடல் நடுவிலிருந்து அவன் பதில் சொல்லுவான். கேட்க ஆசையாக இருக்கும். எங்களுக்கு அப்போது இருந்ததெல்லாம் தபால்காரரின் சைக்கிள் மணி மட்டும்தான்... அதுவும் பெரும்பாலும் எங்கள் வாசலைத் தாண்டிப் போய்விடும்.

அண்ணன் ஆப்பிரிக்காவில் மொம்பாசா துறைமுகத்தில் இறங்கி, அங்கே ஒரு படகுப் பட்டறையில் சேர்ந்தான். அங்கேயே கல்யாணம். ஊருக்கு ஒரே ஒரு தடவை வந்தான். போன வருஷம் அங்கேயே இறந்துபோனான். அடக்கம் முடிந்த பிறகுதான் எனக்கு போன் வந்தது.