மரக்கிளையில் மருந்துப் பை

மளிகைக் கடை வரிசையில் எனக்கு முன்னால் நிற்கும் முன்பின் தெரியாத மனிதரின் காதுமடலை வெர்னா ஸ்விக்கர் மடக்கிப் பார்த்துக்கொண்டிருக்கிறார். ஹாலிஃபாக்ஸ் நகரத்திலிருந்து விடுமுறைக்கு வந்தவர் போலிருக்கிறது. கையில் பால் பெட்டியோடு அசையாமல் நிற்கிறார்.

"மச்சம்தான். பயப்படாதீங்க" என்று காதை விடுகிறார் வெர்னா. "காட்டுப் பக்கம் போனா பேண்ட்டை சாக்ஸுக்குள்ள விட்டுக்கோங்க. உங்க அழகப் பாக்க மானுக்கு நேரமில்ல."

எழுபத்தொரு வயது. எப்போதும் வெளிர் நிற உடைதான். மான் திரியும் காட்டில் கறுப்பு உண்ணி மேலே ஏறினால் தெரிய வேண்டுமாம். கோட்டின் ஒரு பையில் மெல்லுவதற்குக் காய்ந்த கடற்பாசி, இன்னொன்றில் கூர்மையான சாமணம். உண்ணியைப் பிடுங்க எண்ணெய், நெருப்பு என்று யாராவது ஆரம்பித்தால் அவருக்குக் கோபம் வந்துவிடும். "தோலோட ஒட்டிப் பிடி, நேரா இழு. வேற வித்தையெல்லாம் வேணாம்." பிடுங்கிய உண்ணிகளைப் பெயரும் தேதியும் எழுதி மாத்திரைப் புட்டிகளில் போட்டுச் சமையலறை அலமாரியில் பட்டைக்கும் ஜாதிக்காய்க்கும் நடுவே வைத்திருக்கிறார். ஒருமுறை பாதிரியார் மிளகு என்று நினைத்து ஒன்றைத் திறந்துவிட்டார். அதற்குப் பிறகு அந்த வீட்டில் அவர் சாப்பிட்டதில்லை.

முப்பத்தாறு வருடம் இந்தக் கடற்கரையில் வீடு வீடாகப் போய் மருத்துவம் பார்த்த நர்ஸ் அவர். அவரை நினைத்தால் எனக்கு ஃபிர் மரப் பிசின் வாசனைதான் வரும். அதற்குக் காரணம் ஆப்ரி ஹிம்மல்மன்.

ஆப்ரி எங்கள் எதிர்வீட்டுக்காரர். கிறிஸ்துமஸுக்கு வீட்டில் வைக்கும் ஃபிர் மரங்களை வளர்த்து விற்பவர். ஊர்த் தீயணைப்பு நிலையக் கூடத்து பேண்ட் வாத்தியக் குழுவில் யூஃபோனியம் என்ற பெரிய பித்தளை வாத்தியத்தை மடியில் வைத்து ஊதுவார். பக்கத்து நாற்காலியில் கிளாரினெட்டோடு நான். அவர் ஊதும்போது என் நாற்காலி அதிரும். பத்தொன்பது வருடம் அந்த அதிர்விலேயே உட்கார்ந்திருந்தேன்.

பதினைந்து வருடத்துக்கு முந்தைய ஆகஸ்ட் மாதம் அது. ஆப்ரியின் மனைவி யூனாவின் கால் புண்ணுக்குக் கட்டு மாற்ற வெர்னா வந்திருந்தார். ஆப்ரி தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். இடது கடைவாய் வழியே தேநீர் ஒழுகிச் சட்டையில் விழுந்தது. முகத்தின் ஒரு பாதி தொங்கியிருந்தது.

"காத்து பட்டிருக்கும்னு டாக்டர் சொல்லிட்டாரு, நர்ஸம்மா. தானா சரியாயிடுமாம்."

"காத்தப் பத்தி நான் கேக்கல. கையக் குடுங்க."

நாடி நாற்பத்திரண்டு. வெர்னா கடிகாரத்தைப் பார்த்து மறுபடி எண்ணினார்.

"என்ன, ஓடுதா?" என்றார் ஆப்ரி.

"ஓடல. நடக்குது. அதுவும் நொண்டிக்கிட்டு."

அப்போதுதான் யூனாவுக்கு ஞாபகம் வந்தது. "ஜூலைல கெள வெட்டுனப்ப அக்குள்ல தட்டு அளவுக்குச் செவப்பா வந்துச்சே? சிலந்திக் கடின்னு சொன்னீங்களே?"

"தட்டு எங்க? பிஸ்கட் அளவு."

"தட்டுதான்."

பாதிக் கட்டோடு யூனாவை உட்கார வைத்துவிட்டு, வெர்னா முதலில் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டார். பிறகு கட்டை முடித்துக்கொண்டு தன் காரில் பின்னாலேயே போனார். மருத்துவமனையில் ஓர் இளம் டாக்டர், உண்ணிக் கடியால் வரும் லைம் நோய் இந்தப் பக்கம் கிடையாது, அதெல்லாம் அமெரிக்காவில்தான் என்றாராம். "உண்ணியப் பறவை தூக்கிட்டு வருது, டாக்டர். பறவைகிட்ட யாரும் பாஸ்போர்ட் கேக்கறதில்ல" என்று சொல்லிவிட்டு அங்கேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். ஈ.சி.ஜி. காகிதம் வந்ததும் டாக்டரே ஒப்புக்கொண்டார். கிருமி இதயம் வரை போயிருந்தது.

ஐந்து நாள் மருத்துவமனையில் வைத்துக் கண்காணித்தார்கள். நரம்பு வழியே மருந்து ஏறியதும் நாடி எழுபதுக்கு வந்துவிட்டது. முகம் மட்டும் அப்படியே இருந்தது. கையில் செருகிய குழாயோடு ஆப்ரி வீட்டுக்கு வந்தார். மீதி இருபத்து மூன்று நாள் மருந்து ஏற்றுவது வெர்னாவின் பொறுப்பு.

முதல் நாள் ஆப்ரி வீட்டில் இல்லை. தோட்டத்தில் இருந்தார். நவம்பரில் வெட்ட வேண்டிய மரங்களுக்கு உயரம் பார்த்து, உயரத்துக்கு ஒரு நிறமாக நாடா கட்டும் சமயம் அது. அவரை வெர்னா திட்டிய திட்டு எங்கள் வீடு வரை கேட்டது. திட்டி முடித்துக் கையைக் கழுவினார், குழாயின் வாயை ஸ்பிரிட்டால் துடைத்தார், மருந்துப் பையை ஒரு ஃபிர் கிளையில் மாட்டினார். ஆப்ரி கவிழ்த்த வாளியில் உட்கார வேண்டும், எழுந்திருக்கக் கூடாது என்பது ஒப்பந்தம். அந்த அரை மணி நேரம் அவர் கை காட்டும் மரங்களுக்கு வெர்னாதான் நாடா கட்டினார்.

"அது ஏழடி. நீலம்."

"ஆறுதான் இருக்கும்."

"நர்ஸம்மா, ஊசி உங்களுது. மரம் என்னுது."

மருந்து இறங்கியதும் தினமும் பயிற்சி. கன்னத்தை உப்ப வேண்டும், விசில் அடிக்க வேண்டும். தொங்கும் கடைவாயை ஆப்ரி விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு ஊதுவார். காற்றுதான் வரும். பன்னிரண்டாம் நாள் நான் வேலியோரம் நின்றிருந்தபோது அவர் சொன்னார்: "யூஃபோனியத்த யாருக்காவது குடுத்துடலாம்னு இருக்கேன். ஒதடு ஒண்ணு சேர மாட்டேங்குது."

வெர்னா மருந்துப் பையைச் சுண்டிப் பார்த்தார். "மருந்து கிருமியத்தான் கொல்லும். நரம்பு அது பாட்டுக்குத்தான் வளரும். இந்த மரம் ஏழடி வளர எத்தன வருஷம்?"

"பத்து."

"அதுக்கு மட்டும் பொறுமை இருக்கு."

மறுநாள் வாளிக்குப் பக்கத்தில் யூஃபோனியம் இருந்தது. கடைசி வாரத்தில் ஒரு காலை அதிலிருந்து கன்று ஈனும் பசுவைப் போல ஒரு சத்தம் வந்தது. யூனா கட்டுப்போட்ட காலோடு வாசலுக்கு ஓடிவந்துவிட்டார்.

எல்லோருக்கும் இப்படி அமையவில்லை. சாலை வளைவில் இருக்கும் ஒரு பெண்ணுக்கு நோய் தெரியவே இரண்டு வருடமாயிற்று. முழங்கால் இன்றும் மழைக்கு வீங்குகிறது. வெர்னா அதைப் பற்றிப் பேசுவதில்லை. ஆகஸ்டில் புது உருளைக்கிழங்கும் பட்டாணியும் வெண்ணெய் விட்டுப் பாலாடையில் வேகவைத்து, மூடியோடு அந்த வீட்டு வாசலில் வைத்துவிட்டு வந்துவிடுவார்.

ஆப்ரி மூன்று குளிர்காலத்துக்கு முன் தூக்கத்திலேயே போய்ச் சேர்ந்தார். வெட்டாமல் விட்ட மரங்கள் இப்போது வீட்டுக் கூரையைத் தாண்டிவிட்டன. யாருடைய வரவேற்பறையிலும் நிற்காத உயரம். காற்றடிக்கும் நாளில் அந்தப் பக்கம் நடந்தால் எனக்கு அந்த செப்டம்பர் அப்படியே வருகிறது: பனி விலகாத காலை, பிசின் ஒட்டிய விரல்கள், இரண்டு பேர் அடிக்கணக்கில் சண்டை போடும் குரல்.

மரக்கிளையில் மருந்து ஏற்றிய அந்த வருடம் கிறிஸ்துமஸுக்கு முந்தைய ஞாயிறு மதியம், தீயணைப்புக் கூடத்தில் எங்கள் கச்சேரி. ஆப்ரியின் உதடு முக்கால்வாசி சரியாகியிருந்தது. நடுவில் அவர் மட்டும் தனியாக ஊதும் இடம் ஒன்று உண்டு. பேண்ட் தலைவர் அதை எடுத்துவிடலாம் என்றபோது ஆப்ரி வேண்டாம் என்றுவிட்டார். நாங்கள் எல்லோரும் வாத்தியத்தை இறக்கினோம். அவர் எடுத்தார். முதல் சுரம் பிசிறடித்தது. என் நாற்காலி அதிர்ந்தது.

நான் கூட்டத்தைப் பார்த்தேன். இரண்டாவது வரிசையில், கோட்டைக்கூடக் கழற்றாமல், வெர்னா இரண்டு கன்னங்களையும் உப்பி, தன் இடது கடைவாயை ஒரு விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.