ஏழோட நின்ன எண்ணிக்கை

மொதல்லயே சொல்லிடறேன் சார், பேய் பிசாசுன்னு எவனாவது வாயத் தொறந்தா எழுந்து போற ஆளு நான். ரயில்வேல சிக்னல் வேல எனக்கு. தண்டவாளத்துல ஆளு விழுந்து கெடந்தத என் கையாலயே சாக்குல அள்ளியிருக்கேன், கையக் கழுவிட்டு அடுத்த அரமணி நேரத்துல இட்லி தின்னிருக்கேன். ஒரு ஆவியும் வந்து இன்னாடான்னு கேட்டதில்ல. அதனால நம்பினா நம்புங்க, இல்லேன்னா டீயக் குடிச்சிட்டு கெளம்புங்க, எனக்கு வருத்தம் இல்ல.

எம் பேரு ஜெரால்டு டூலன். கலரப் பாத்து சிரிக்காதீங்க. எங்கப்பா வழில ஐரிஷ்காரங்க, அம்மா வளவனூரு. விழுப்புரம் ரயில்வே காலனில கேப்பக் கூழும் மல்லாட்டையும், அதான் வேர்க்கடலையும், தின்னு வளந்த அயர்லாந்துக்காரன் நான். ஷெட்டுல எல்லாரும் ‘தொர’ன்னுதான் கூப்புடுவானுங்க, கிண்டலுக்கு.

எங்கப்பா எங்கம்மாவ பெல்ட்டால அடிப்பாரு. குடிச்சாலும் அடிப்பாரு, குடிக்கலன்னாலும் அடிப்பாரு. அதுல ஒண்ணு சார், எண்ணிக்கினே அடிப்பாரு, இங்கிலீஷ்ல. ஒன், டூ, த்ரீன்னு பன்னெண்டு வரைக்கும். பன்னெண்டு ஆனதும் பெல்ட்ட மாட்டிக்கினு போயி சோத்துக்கு ஒக்காந்துருவாரு. பதினொண்ணுல நிறுத்தினதும் இல்ல, பதிமூணுக்குப் போனதும் இல்ல. நானும் மவுரீன் அக்காவும் கட்டிலுக்கு அடியில படுத்துக்கினு கூடவே எண்ணுவோம், சீக்கிரம் பன்னெண்டு வரட்டும்னு. அம்மா முதுகுல ரத்தம் ஜாக்கெட்டோட ஒட்டிக்கும், அக்காதான் தண்ணி தொட்டுப் பிரிச்சு எடுக்கும்.

தொண்ணூத்தி மூணுல எனக்கும் ரீட்டாவுக்கும் கல்யாணம். ரீட்டா திண்டிவனத்துப் பொண்ணு. அவ அண்ணன் சம்மதிக்கவே இல்ல. “அப்பன் லட்சணம் ஊருக்கே தெரியும், புள்ள மட்டும் எப்பிடி இருப்பான்?”னு நேராவே கேட்டாரு. கேட்டதுல தப்பில்ல. கோயில்ல சாமியார் முன்னாடி சொன்ன வார்த்தப்பாடு ஒண்ணு, அது முடிஞ்சதும் ரீட்டா காதுல நான் தனியா சொன்னது ஒண்ணு. “எந்த நாளும் உம்மேல கை நீட்ட மாட்டேன்.” எனக்குக் கோவம் வரும் சார், இல்லேன்னு சொல்லல. தட்ட வீசியிருக்கேன், செவுத்துல குத்தி முட்டிய ஒடச்சிக்கினு இருக்கேன். ஆனா அவ மேல ஒரு வெரல் பட்டதில்ல. பதினஞ்சு பதினாறு வருஷம் அந்த வார்த்தயக் காப்பாத்தினேன். உள்ளுக்குள்ள ஒரு பயம் மட்டும் இருந்துக்கினே இருந்துச்சு, அப்பங்கிட்ட இருந்தது எங்க ரத்தத்துலயே இருக்கோன்னு.

அக்கா ஆஸ்திரேலியா போயி செட்டில் ஆனதும் பரம்பரயத் தேடற பைத்தியம் புடிச்சிக்கிச்சு. அயர்லாந்துல பழைய கோயில் ஞானஸ்நானப் பதிவேடெல்லாம் போட்டோ எடுத்து இன்டர்நெட்ல போட்டிருக்காங்களாம். அதுலேர்ந்து புடிச்சு, பட்டாளத்து லிஸ்ட், கப்பல் லிஸ்ட்டுன்னு ஒண்ணொண்ணா வந்து, மைக்கேல் டூலன்னு எங்க பாட்டனுக்குப் பாட்டன் ஒருத்தர புடிச்சிடுச்சு. பட்டாளத்த விட்டுட்டு மரக்காணம் பக்கம் உப்பளத்துக்குக் காவல் அதிகாரியா வந்திருக்காரு. அவரு பையன்தான் ரயில்வேல சேந்து விழுப்புரம் வந்தது. ‘மைக்கேல் தாத்தா தங்கமானவரு, ஊரு ஜனம் தூக்கி வச்சிக் கொண்டாடிச்சு, பாவம் காலரால போயிட்டாரு’ன்னு எங்க வீட்டுல வழிவழியா ஒரு பேச்சு உண்டு. நான் அதக் கெட்டியா புடிச்சிக்கினேன். ஊத்து நல்ல தண்ணின்னா, எங்கப்பங்கிட்ட வந்து சாக்கட கலந்துச்சு, அவ்ளோதானே?

ரெண்டாயிரத்து எட்டு இல்ல ஒம்போது. ஸ்டேஷனுக்கு எதிர்ல ஒரு பிரவுசிங் சென்டர், டூட்டி முடிஞ்சதும் நேரா அங்கதான். ஒரு பக்கம் தெரியறதுக்குள்ள ஒரு பீடி முடிஞ்சிடும். அக்கா அனுப்பின லிங்க்ல ஒரு நாள் தாத்தாவ அடக்கம் பண்ண பதிவு வந்துச்சு. பழுப்பு மையில சாஞ்ச எழுத்து. பேரு, வயசு முப்பத்தி நாலு, காரணம் காலரா. அந்தப் பதிவோட கடைசிக் கட்டத்துல, உப்புக் காவல் கட்டடத்துக்குப் பக்கத்துல, விழுந்த எடத்துலயே அடக்கம்னு இருந்துச்சு. பிரிண்ட் எடுத்துக்கினு போயி ரீட்டாகிட்ட காட்டினேன். அவ ரெண்டு தரம் படிக்கச் சொல்லிக் கேட்டுட்டு, “காலரா வந்தவங்க படுத்துதானே சாவாங்க, இவரு எப்பிடிங்க விழுந்தாரு?”ன்னா. அதெல்லாம் அந்தக் காலத்து எழுத்துன்னு வாய அடச்சிட்டேன்.

அந்த வருஷம் கல்லறத் திருநாளுக்கு ரெண்டு பேரும் கெளம்பினோம். எங்க ஆளுங்களுக்குத் தெரிஞ்சது ஒண்ணுதான் சார், அன்னிக்கு செத்தவங்க கல்லறையக் கழுவி, சுண்ணாம்பு அடிச்சு, பூ போட்டு, மெழுகுவத்தி ஏத்தி, பேரச் சொல்லி ஜெபம் பண்ணணும். நூறு வருஷத்துக்கு மேல யாரும் பண்ணாத கல்லறைக்கு நான் பண்ணப் போறேன்னு ஒரே பெரும எனக்கு. திண்டிவனம் போயி பஸ் மாறி, ஊரு பேரு வேணாம், ஒரு அளத்துல எறங்கினோம். டீக்கடையில வெள்ளக்காரன் கல்லற எங்கன்னு கேட்டேன். அங்க இருந்த ஆளு, “மிதிகல்லா கேக்கறீங்க?”ன்னு திருப்பிக் கேட்டாரு. எனக்கு ஒண்ணும் வெளங்கல, தலைய ஆட்டினேன். கையக் காட்டினாரு.

மழ சீசன். அளத்துல வேல கெடையாது, பாத்தியெல்லாம் மழத்தண்ணி. அள்ளின உப்ப மேட்டுல குவிச்சு பன ஓல போட்டு மூடி வச்சிருந்தாங்க. அன்னிக்கு மட்டும் மழ விட்டு வெயிலு சுள்ளுன்னு அடிச்சுது. உச்சிப் பொழுது, நல்ல வெளிச்சம், இருட்டுல பாத்தேன்னு நெனச்சிக்காதீங்க. இடிஞ்ச செவுரு ரெண்டு நின்னுச்சு, அதுக்குப் பக்கத்துல வழி நடுவுல தரையோட தரையா ஒரு கருங்கல்லு. அது மேல கல்லுப்பு, மழையில பாதி கரஞ்சு குவியலா கெடந்துச்சு. அசிங்கம் பண்ணி வச்சிருக்கானுங்களேன்னு திட்டிக்கினே உப்பத் தள்ளி, நாலு கொடம் நல்ல தண்ணி ஊத்தித் தேய்ச்சேன். பேரு தெரிஞ்சுது. சுண்ணாம்பு அடிச்சு, சாமந்தி மாலயப் போட்டு, மெழுகுவத்தி ஏத்தி, மைக்கேல் டூலன்னு முழுப் பேரையும் சத்தமா மூணு தரம் சொல்லி ஜெபம் பண்ணோம்.

அப்பதான் அஞ்சாறு பொம்பளைங்க வந்தாங்க. தலையில கூடையில உப்பு, கையில உப்பு வார்ற பலக, நீளக் காம்பு போட்டது. மழையில கரஞ்சதுக்குப் பதிலா புது உப்பு கொட்ட வந்தவங்க. முன்னாடி வந்த அம்மா கன்னியம்மான்னு அப்பறம் தெரிஞ்சுது, அம்பது வயசு இருக்கும். மாலையப் பாத்ததும் அந்தம்மா மொகம் செத்துப் போச்சு.

“யோவ், இன்னா பண்ணி வச்சிருக்க நீ? யாரு உன்ன கழுவச் சொன்னது?”

“எங்க தாத்தன் கல்லற. கழுவறதுக்கு உங்கிட்ட கேக்கணுமா?”

அந்தம்மா ஜல்தியா வந்து மாலய எட்டி ஒதச்சிட்டு, கல்லு மேல ஏறி நின்னு, எடது கால ஓங்கி மிதிச்சுது.

எனக்குக் கோவம் வந்துச்சு. இது வரைக்கும் அது என் கோவம்தான் சார், அத நான் ஒத்துக்கறேன். உப்புக் குவியல் ஓரம் ஒரு பனமட்ட கெடந்துச்சு, ரெண்டு பக்கமும் கருக்கு, ரம்பம் மாதிரி. எப்ப குனிஞ்சேன், எப்ப எடுத்தேன்னு தெரியாது. கன்னியம்மா தோள்ல எறங்குச்சு மொத அடி. துணி கிழிஞ்சு சத கிழிஞ்சுது. அந்தம்மா விழுந்துச்சு. முடியப் புடிச்சு நிமித்தி மறுபடியும் போட்டேன். நாலு அடி. என் கையி எழும்பறத நான் பக்கத்துல நின்னு பாக்கற மாதிரி இருந்துச்சு. நிறுத்துன்னு உள்ள நான் கத்தறேன், கையி கேக்கல. இதச் சொல்ல நாக்கு கூசுது சார், ஆனா சொல்லணும். உள்ள கத்திக்கினு இருந்த அதே நேரத்துல, அடிக்கறது எனக்கு நல்லா இருந்துச்சு.

ரீட்டா ஓடியாந்து நடுவுல விழுந்தா. “என்னாங்க, வேணாங்க, நான் ரீட்டாங்க!”ன்னா. அவ மேலயும் எறங்குச்சு. கைய வச்சு மொகத்த மறச்சா, முட்டியிலேர்ந்து மணிக்கட்டு வரைக்கும் பொளந்துச்சு. மறுபடியும் ஒண்ணு. மறுபடியும் ஒண்ணு.

அதுக்குள்ள பொம்பளைங்க சூழ்ந்துட்டாங்க. ஒருத்தி கூட அலறல சார், என் காதுல இன்னும் இருக்கறது அந்த அமைதிதான். பலகையத் திருப்பிப் புடிச்சு அடிச்சாங்க, என்னமோ தெனம் செய்யற வேல மாதிரி. எடது தோள் எலும்பு ஒடஞ்ச சத்தம் எனக்கே கேட்டுது. வலது கையக் கல்லு மேல வச்சு ரெண்டு வெரல நசுக்கினாங்க, மட்ட கீழ விழுந்துச்சு. ஒருத்தி என் தாடயப் புடிச்சுத் தொறந்து உப்ப அள்ளித் திணிச்சா. மூச்சு முட்டி, வாந்தி எடுத்து, அப்பறம்தான் என் கையி எங்கிட்ட வந்துச்சு.

கன்னியம்மா முதுகெல்லாம் ரத்தத்தோட எழுந்து ஒக்காந்து, “வுடுங்கடி, போயிடுச்சு”ன்னுது. எனக்குத் தண்ணி குடுத்ததும் அந்தம்மாதான். “பாட்டி பூட்டி காலத்துலேர்ந்து மிதிச்சும் உப்பக் கொட்டியும் அமுக்கி வச்சிருந்தோம்பா இத. நீ வந்து எழுப்பி வுட்டுட்டியே.” அவ்ளோதான் சொன்னுது. போலீசு கேசுன்னு ரெண்டு பக்கமும் யாரும் போகல. நாங்க கெளம்பும்போதே உப்பக் கொட்ட ஆரம்பிச்சுட்டாங்க.

ஆஸ்பத்திரியில ரீட்டாவுக்குக் கையில இருவத்திரெண்டு தையலு. அவ அண்ணன் வெறியோட ஓடியாந்தாரு. நான் கண்ண மூடிக்கினேன், வெட்டட்டும்னு. ரீட்டா, “அளத்துல வழுக்கி பனமட்ட மேல விழுந்துட்டேன், அவரு தூக்க வந்து அவரும் விழுந்துட்டாரு”ன்னு ஒரே மூச்சுல சொல்லிட்டா. அவரு போனதும், “அடிச்சது நீங்க இல்ல”ன்னா. நான் அழுதேன். ஏன்னா எனக்குத் தெரியும், பாதி நானும் இருந்தேன்.

அப்பறம் அவளே சொன்னா, “நீங்க எண்ணிக்கினே அடிச்சீங்க தெரியுமா? இங்கிலீஷ்ல. எனக்கு விழுந்தது ஃபைவ், சிக்ஸ், செவன்.” எனக்கு வாயத் தொறந்த ஞாபகமே இல்ல. எங்கப்பா எண்ணுவாருன்னு அதுவரைக்கும் நான் அவகிட்ட சொன்னதே இல்ல சார், வெக்கமா இருக்கும்னு.

அன்னிக்கு சாயங்காலம் எக்ஸ்ரே எடுத்தாங்க. டாக்டர் படத்த வெளிச்சத்துல புடிச்சுப் பாத்துட்டு, தோள்பட்ட இன்னிக்கு ஒடஞ்சது, கட்டு போடலாம்னாரு. வெரலப் பாத்துட்டு, “இது ரொம்ப பழசாச்சே, கோணலா கூடி வருஷக்கணக்கா ஆயிருக்கு. சின்ன வயசுல அடிபட்டுதா?”ன்னாரு. காலையில அந்த வெரலாலதான் சார் நான் சுண்ணாம்பு பிரஷ்ஷப் புடிச்சேன். அந்தப் படம் இன்னும் பீரோவுல இருக்கு, வேணும்னா வீட்டுக்கு வாங்க காட்டறேன்.

ரெண்டு வருஷம் கழிச்சு அக்கா இன்னொரு பேப்பர் அனுப்புச்சு, அந்தக் காலத்து விசாரண அறிக்க, புதுசா ஏத்தியிருந்தாங்களாம். ரெண்டு கை உப்பு எடுத்த ஒரு பொம்பளைய, மாசமா இருந்தவள, பன மரத்துல கட்டிப் பன்னெண்டு அடின்னு தீர்ப்பு சொல்லி தாத்தாவே அடிச்சிருக்காரு. ஏழாவது அடியில அவ செத்துட்டா. அளத்துப் பொம்பளைங்க பலகையோட வந்துட்டாங்க. பொணத்துல எடது தோள் எலும்பும் வலது கையில ரெண்டு வெரலும் ஒடஞ்சிருந்துச்சாம், வாய் நெறைய உப்பாம். பொம்பளைங்க கையால செத்தான்னு எழுத மேல இருந்தவங்களுக்கு மானம் எடம் குடுக்கல போல, அடக்கப் பதிவுல காலரான்னு எழுதிட்டாங்க. தாத்தா பேரு, வயசு, சம்பளம் எல்லாம் அந்தப் பேப்பர்ல இருக்கு. செத்தவ பேரு மட்டும் இல்ல, ‘ஒரு பெண்’னு போட்டிருக்கு.

அந்த வெரலு ரெண்டும் இன்னும் மடங்காது. வலது கையால ஒரு குச்சியக் கூட இறுக்கிப் புடிக்க முடியாது. ஒரு பக்கம் அது நிம்மதியாதான் இருந்துச்சு. அதுக்கப்பறம் இத்தன வருஷம் ரீட்டா மேல ஒரு தூசு படல. நல்லவனா இருக்கறதால படலயா, கையி மடங்காததால படலயான்னு கேட்டா எனக்குப் பதில் தெரியாது.

போன மாசம் ஒரு ஞாயித்துக்கெழம, மத்தியானம் சாப்ட்டுட்டுக் கண்ணசந்துட்டேன். ரீட்டா கட்டிலுக்குப் பக்கத்துல தரையில ஒக்காந்து மல்லாட்ட உரிச்சிக்கினு இருந்தா. நான் முழிச்சப்ப அவ வாசப்படியில நிக்கறா, மல்லாட்ட தரையெல்லாம் செதறிக் கெடக்கு. என் எடது கையி தலைக்கு மேல நிக்குது. எடது கை சார், அதுல வெரலெல்லாம் நல்லாதான் இருக்கு.

“நான் எதாவது சொன்னேனா?”

“எயிட்டுன்னீங்க.” வாசப்படியத் தாண்டி உள்ள வரல. “இன்னும் நாலு இருக்குங்க.”

அன்னியிலேர்ந்து நான் தனி ரூம்புலதான் படுக்கறேன். வெளியிலேர்ந்து தாப்பா போடச் சொன்னதே நான்தான். தெனமும் போடறா. அந்தத் தாப்பா சத்தம் கேட்டாதான் சார் எனக்குத் தூக்கம் வருது.