அவளுடைய பச்சைக் காரும் என் வயிற்றெரிச்சலும்

சென்ற ஆண்டு, உயிர்த்த ஞாயிறுக்கு முதல் நாள் சனிக்கிழமை. ஜெர்மனியில் வுப்பர்டால் நகரம், என் சிநேகிதியின் வீட்டு முற்றம். அன்று அங்கே நடந்ததை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பாதி சிரிப்பு, பாதி நடுக்கம்.

எனக்குக் கார்ப் பைத்தியம். கலியாண வீட்டுக்குப் போனால் பெண்ணின் கூறைச் சேலையைப் பார்க்க முதல், மாப்பிள்ளை வந்திறங்கிய காருக்கு எத்தனை சிலிண்டர் என்று பார்க்கிற ஆள் நான். என் சிநேகிதியும் அப்படித்தான். பள்ளிக்கூடத்தில் பக்கத்துப் பக்கத்துக் கதிரை. பிறகு பல் வைத்தியரிடம் உதவியாளர் வேலைக்கு இரண்டு பேரும் ஒன்றாகவே ஆஸ்பில்டுங் என்கிற தொழிற்பயிற்சி செய்தோம். நான் இன்னும் அதே வேலையில் இருக்கிறேன். அவள் மேலே படித்து, ஒரு காப்புறுதி நிறுவனத்தில் சேர்ந்து, நல்ல நிலைக்கு வந்துவிட்டாள். அவள் வீடு வாங்கியபோதுகூட எனக்கு ஒன்றும் செய்யவில்லை. கார் வாங்கினாளே, அங்கேதான் எனக்கு எரிச்சல் பிடித்தது.

சனிக்கிழமை காலைகளில் நாங்கள் கொஞ்சப் பேர், எல்லாம் எங்கள் தமிழ் ஆட்கள், நாமே கார் கழுவுகிற ஓர் இடத்தில் கூடுவோம். கழுவுகிற நேரம் கொஞ்சம், கதைக்கிற நேரம் மிச்சம். பிளாஸ்கில் தேத்தண்ணி இருக்கும். பெண்கள் என்று நானும் அவளும் மட்டும்தான். யாரிடமும் பெரிய கார் கிடையாது. ஆனாலும் உலகத்தில் உள்ள வேகக் கார்கள் எல்லாவற்றுக்கும் நாங்கள் அங்கே நின்றுதான் தீர்ப்புச் சொல்லுவோம். இதன் மூஞ்சி பிழை, அதன் பின்பக்கம் வடிவு, இது ஓடும், அது சத்தம் மட்டும்தான் போடும் என்று.

அந்த இடத்துக்கு ஒரு நாள் அவள் அந்தக் காரில் வந்து இறங்கினாள். இரண்டு கதவு, ஆறு சிலிண்டர், நிழலில் நின்றால் கறுப்பாகவும் வெயிலில் நின்றால் பச்சையாகவும் தெரிகிற ஒரு நிறம். எனக்குச் சொல்லவே இல்லை. ஆச்சரியமாக இருக்கட்டும் என்று மறைத்தாளாம்.

எல்லாரும் மொய்த்துவிட்டார்கள். பின் சில்லுக்கு மேலே அகன்று வருகிற அந்த இடுப்பை ஒருவர் தடவியே பார்த்தார். முன்பக்கத்து வலை கொஞ்சம் பெரிதோ என்று ஒருவர் கேட்க, இல்லை, கண்ணாடியில் இதைப் பார்த்தால்தான் முன்னால் போகிறவன் வழி விடுவான் என்றார் இன்னொருவர். சீட் சூடாகுமாம், குளிருமாம், முதுகை மசாஜ் பண்ணுமாம். ஸ்டியரிங்கும் சூடாகுமாம். ஆளுக்கொரு சுற்று ஓட்டக் கொடுத்தாள். ஓட்டிவிட்டு இறங்கியவர்களின் முகத்தைப் பார்க்க வேண்டுமே, புதுமாப்பிள்ளைகள் தோற்றார்கள். என்னிடம் கார்த் திறப்பை நீட்டியபோது, முதுகு நோகுது, பிறகு பார்ப்போம் என்றுவிட்டேன். என் முதுகுக்கு ஒன்றுமில்லை. வயிறுதான் பற்றி எரிந்தது.

அன்று தொடங்கியது என் வேலை. எஞ்சின் சத்தத்தில் பாதி உள்ளே ஸ்பீக்கரால்தான் வருகிறது என்றேன். பின் விளக்கு சீனத்து விளையாட்டுக் கார் மாதிரி என்றேன். மசாஜ் சீட் நாரிப் பிடிப்புக்காரருக்கு வைத்தது, ஓட்டத் தெரிந்தவளுக்கு எதற்கு என்றேன். போய்ப் போய் கதவு சாத்துகிற சத்தத்தில்கூடக் குறை கண்டுபிடித்தேன். வீட்டிலும் அதே பேச்சுத்தான். ஒரு நாள் என் கணவர் சாப்பாட்டுக் கோப்பையில் இருந்து தலையைத் தூக்காமலே கேட்டார்.

"இஞ்சரப்பா, உமக்கு அந்தக் கார் பிடிக்கேல்லையோ, இல்லாட்டி அவ வாங்கினது பிடிக்கேல்லையோ?"

நான் கறிச்சட்டியை ஓங்கி வைத்தேன்.

உண்மை என்னவென்றால், அந்தக் காரைப் போல எனக்குப் பிடித்த கார் வேறு கிடையாது. வேலையில் மதிய இடைவேளையில் கம்பனியின் இணையத்தளத்தில் போய், அதே காரை எனக்கென்று திரையில் செய்து வைத்திருந்தேன். நிறம், உள்ளே தோல், தையல் நூல் எல்லாம் என் விருப்பம். நினைத்த நேரம் திறந்து பார்ப்பேன். அதற்கு எந்த ரிம் வடிவாக இருக்கும் என்று தேடித் தேடி, ஒரு வெளிக் கம்பனியின் வெண்கல நிற ரிம்மில் வந்து நின்றேன். அந்த ரிம்மை வாங்கியவர்கள் எழுதியதை எல்லாம் ஒன்று விடாமல் வாசித்தேன். வாங்கப் போகிறவள்கூட அவ்வளவு வாசித்திருக்க மாட்டாள். என் வீட்டு வாசலில் நின்றதோ பிள்ளைகளின் பிஸ்கட் தூள் நிறைந்த, கொம்பி என்கிற நீளமான என் பழைய டீசல் குடும்பக் கார்.

கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாது என்பார்கள். ஒருமுறை அவள் வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்பும்போது என் குடையை மறந்துவிட்டேன். எடுக்கத் திரும்பிப் போனால், அவளுடைய கணவர் கையில் உப்பும் செத்தல் மிளகாயும் வைத்துக்கொண்டு காரைச் சுற்றிக்கொண்டிருக்கிறார். என்னைக் கண்டதும் கை அப்படியே நின்றுவிட்டது. "சும்மா தங்கச்சி, ஒரு பழக்கத்துக்கு" என்றார். நானும் சிரித்தேன். யாருடைய கண்ணுக்கு என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். குடையை எடுத்துக்கொண்டு காருக்குள் போய் இருந்தபோது அழுகை வந்தது. கோபமா வெட்கமா என்று எனக்கே விளங்கவில்லை.

இனி அந்தச் சனிக்கிழமைக்கு வருகிறேன். ஒக்டோபரில் குளிர்கால டயர், உயிர்த்த ஞாயிறோடு கோடைகால டயர் என்பது இங்கே எல்லாருக்கும் தெரிந்த கணக்கு. வருடா வருடம் அவள் வீட்டு முற்றத்தில் கூடி எல்லாக் கார்களுக்கும் நாங்களே சில்லு மாற்றுவோம். எல்லாருக்கும் சாப்பிட அவள் ரோல்ஸ் பொரிப்பாள். சில்லு மாற்றுவதில் கடைசி வேலை எப்போதும் என்னுடையது. போல்ட்டை அளவோடு இறுக்குகிற ஸ்பனர் ஒன்று என்னிடம் உண்டு. ஜெர்மன்காரர் அதற்கு முழ நீளத்தில் ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். அளவு வந்ததும் அது 'டக்' என்று சத்தம் போடும். அந்தச் சத்தத்தை என் கையால் கேட்காமல் ஒரு காரும் முற்றத்தை விட்டு வெளியே போனது கிடையாது.

அன்று காலையில் எங்கள் பல் வைத்தியரிடம் அவசர சேவை முறை, எனக்கு வேலை. பிந்தித்தான் போனேன். போய்ப் பார்த்தால், பச்சைக் காருக்கு வெண்கல நிற ரிம் பூட்டியாயிற்று. நான் மதிய இடைவேளைகளில் பார்த்துப் பார்த்து வைத்திருந்த அதே ரிம்! என் கையில் இருந்த ஸ்பனரைக் கண்டதும் அவள், "அது வேண்டாமடி, இவர் மெசினால இறுக்கிப்போட்டார்" என்றாள். சாதாரணமாகச் சொன்னாளோ, என் கை படக்கூடாது என்று சொன்னாளோ, கடவுளுக்குத்தான் வெளிச்சம்.

கனடாவில் இருந்து அவளுடைய அம்மா அன்று மாலை பிராங்பேர்ட்டில் வந்திறங்குகிறார். கூட்டி வரப் போகும்போது அம்மா காரைப் பார்க்க வேண்டும், அதுவும் புது ரிம்மோடு பார்க்க வேண்டும் என்று அவளுக்கு ஒரே அவசரம். தெருவை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு முற்றத்துக்குள் மெல்லத் திருப்பினாள். அப்போதுதான் எனக்குக் கேட்டது. இடது முன் சில்லில் இருந்து, திரும்பும்போது மட்டும், மெல்லிய ஒரு 'டிக்'. மற்றவர்கள் ரிம்மின் நிறத்தைப் பற்றி வாதாடிக்கொண்டிருந்தார்கள். எனக்கோ குறை பிடிக்கவென்றே காது கொடுத்துக் காது கொடுத்து அந்தக் காரின் சத்தம் முழுக்கப் பாடம்.

எந்த போல்ட் போட்டீர்கள் என்று கேட்டேன். காரோடு வந்ததுதான் என்றார் அவளுடைய கணவர். காரோடு வந்த போல்ட்டின் கழுத்து உருண்டையாக இருக்கும். இந்த ரிம்மின் துளைக்கோ, புனல் மாதிரிச் சரிந்த கழுத்துள்ள போல்ட் வேண்டும். மாற்றிப் போட்டால் இறுகினது மாதிரி இருக்கும், ஆனால் ஓட ஓடக் கழன்றுவிடும். இதைச் சொன்னேன்.

முற்றத்தில் ஒரு சிரிப்பு எழுந்தது. ஒருவர் இன்னொருவரை முழங்கையால் இடித்தார். அவளுடைய கணவர், "போல்ட் போல்ட்தானே தங்கச்சி, கோபிக்காதேங்கோ, நல்லா இறுகிச்சுது" என்றார். அவள் சிரிக்கவில்லை.

"உனக்கு இந்தக் காரில நல்லது ஒண்டும் தெரியாதோடி? இண்டைக்காவது வாயை வைக்காம விடன்."

சுருக்கென்று தைத்தது. எத்தனை மாதமாக நான் சொன்ன பொய்க் குறைகளுக்கு எல்லாம் சேர்த்து வந்த பதில் அது. எப்படியாவது போ என்று ஸ்பனரைத் தூக்கிக்கொண்டு போய் என் கொம்பிக்குள் ஏறிவிட்டேன். திறப்பைத் திருப்பினேன். கண்ணாடியில் பார்த்தால் அவள் ஏறி இருந்து பெல்ட் போடுகிறாள். கிடைத்த இடத்தில் எல்லாம் இருநூறைத் தொட்டுப் பார்க்கிறவள் அவள். அதுவும் பிராங்பேர்ட்டுக்குப் போகிற நெடுஞ்சாலை மூன்றாம் ஓட்டோபான், வேகத்துக்குக் கட்டுப்பாடு இல்லாத நீண்ட நேர்த் துண்டுகள் உள்ள பாதை. ஒரு சில்லு கழன்றால் என்ன நடக்கும் என்று நினைக்கத் துணிவு வரவில்லை.

ரிவேர்ஸ் போட்டு, என் கொம்பியை முற்றத்து வாசலுக்குக் குறுக்கே நிறுத்திவிட்டு ஸ்பனரோடு இறங்கினேன்.

அவள் ஹோர்ன் அடித்தாள். திரும்பவும் அடித்தாள். பக்கத்து வீட்டு ஜெர்மன் கிழவர் ஜன்னலைத் திறந்தார். அவள் கண்ணாடியை இறக்கி, "எடடி காரை! உனக்கு விசரே? எரிச்சலுக்கும் ஒரு அளவு வேணும்!" என்று கத்தினாள்.

எல்லாரும் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். எனக்குள் எதுவோ உடைந்துவிட்டது.

"ஓம், எனக்கு எரிச்சல்தான்!" என்று நானும் கத்தினேன். "வயிறு பத்தி எரியுது. இந்தக் கார் எனக்கு வேணும். இந்த நிறம் வேணும், இந்த ரிம்மும் வேணும். ஒவ்வொரு நாளும் வேலையில இருந்து இதைத்தான் பாக்கிறன். உன்ர காரை உன்னைவிட நான்தான் கூடப் பாத்திருக்கிறன். அதாலதான் சொல்லுறன், அந்த போல்ட் பிழை. ஒருக்கா கழட்டிப் பார். நான் சொன்னது பொய்யெண்டால் இனி உன்ர வாசலுக்கே வரமாட்டன்."

அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எஞ்சினை நிறுத்திவிட்டு இறங்கி வந்து, இடது முன் சில்லுக்குப் பக்கத்தில் குந்தினாள். ஸ்பனருக்குக் கை நீட்ட முதல், சும்மா விரலை ஒரு போல்ட்டில் வைத்துத் திருப்பினாள். அது சுழன்றது. அடுத்ததும் சுழன்றது. மெசினால் இறுக்கிய போல்ட், தெருவை ஒரு சுற்றுச் சுற்றி வந்ததிலேயே விரலுக்குச் சுழன்றது.

அவள் அப்படியே நிலத்தில் இருந்துவிட்டாள். அவளுடைய கணவரின் முகத்தில் இரத்தம் இல்லை. சரியான போல்ட்டுகள் ரிம் வந்த பெட்டிக்குள், ரெஜிபோம் என்கிற வெள்ளைப் பொதி நுரைக்கு அடியில், பிரிக்காத பொட்டலமாகக் கிடந்தன. அவற்றை ஒவ்வொன்றாகப் போட்டு நானே இறுக்கினேன். ஒவ்வொரு 'டக்'குக்கும் அவள் தலையை ஆட்டிக்கொண்டு பக்கத்திலேயே இருந்தாள். மற்றவர்கள் தேத்தண்ணியை ஆறவிட்டுவிட்டு நின்றார்கள்.

வேலை முடிந்ததும் அவள் திறப்பை என் மடியில் போட்டாள். "நீயே காரை ஓடு. இண்டைக்கு என்னால ஏலாது" என்றாள். இந்த முறை நான் முதுகு நோகிறது என்று சொல்லவில்லை.

அந்தப் பயணத்தில் எனக்குப் பொறாமை போய்விட்டது என்று எழுத ஆசைதான். எழுதினால் அது பொய். கூடித்தான் போனது. பிராங்பேர்ட்டையும் தாண்டி கேர்ல்ஸ்ரூஹே வரைக்கும் போகச் சொன்னாலும் போயிருப்பேன். மலைப்பாதையில் ஏறும்போது எஞ்சின் மூச்சே வாங்கவில்லை. வளைவுகளில் சீட் இரண்டு பக்கமும் அணைத்துப் பிடித்தது. அந்த மசாஜ், நாள் முழுக்கக் குனிந்து நின்று வேலை செய்கிற என் முதுகுக்கென்றே செய்தது. ஸ்பீக்கரால் வருகிற சத்தமோ, சும்மா சொல்லக்கூடாது, சங்கீதம்.

புதுச் சில்லு பூட்டினால் கொஞ்சத் தூரம் ஓடியபின் ஒருமுறை இறுக்கிப் பார்க்க வேண்டும். வழியில் ஓய்விடம் ஒன்றில் நிறுத்தி நான் முழங்காலில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தபோது அவள் மெல்லச் சொன்னாள்.

"எத்தினை பேர் வடிவு வடிவெண்டு சொன்னாங்கள். ஒருத்தரும் ஒழுங்காப் பாக்கேல்லையடி."

எல்லா போல்ட்டுகளும் அசையாமல் இருந்தன.

விமான நிலையத்தில் அவளுடைய அம்மா காரைக் கண்டு கன்னத்தில் கை வைத்தார். பெட்டிகளோடு பெட்டியாக நான் பின் சீட்டில் மடங்கி வந்தேன். அன்று என்ன நடந்திருக்கக்கூடும் என்று அந்த அம்மாவுக்கு இன்றுவரை தெரியாது. வழி முழுக்க அவர் மகளின் கையைப் பிடித்தபடியே வந்தார். நான் பின்னால் இருந்து அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

பொறாமையை மறைத்துக்கொண்டு திரிந்த காலத்தில் நான் சொன்ன உண்மையைக்கூட ஒருவரும் நம்பவில்லை. எரிகிறது என்று எல்லாருக்கும் முன்னால் ஒத்துக்கொண்ட பிறகுதான் என் வார்த்தைக்கு மதிப்பு வந்தது. அந்தப் பச்சைக் கார் எங்கள் தெருவில் திரும்பும் ஒவ்வொரு முறையும் எனக்கு வயிறு எரியத்தான் செய்கிறது. ஆனால் இப்போதெல்லாம் அதை வேறு யாரிடமும் புலம்பாமல், எரிகிறது என்று அவளுக்கே போன் எடுத்துச் சொல்லிவிடுகிறேன்.