ஆலா பார்க்க மூன்று நாள்

அப்பா கடலைப் பார்த்தது ஒரே ஒரு முறை. எஸ்டேட் பேக்டரியிலிருந்து தேயிலை மூட்டை ஏற்றிப்போன லாரியில் துணைக்குப் போனவர், கண்ணூருக்கு அப்பால் வண்டி பழுதாகி ஒரு பகல் முழுக்க ரோட்டோரம் நிற்க வேண்டியதாகிவிட்டது. செம்மண் பாறை செங்குத்தாகக் கடலுக்குள் இறங்கும் இடமாம். அந்தப் பாறையின் இடுக்குகளில் ஆலா என்கிற வெள்ளைக் கடற்பறவைகள் நூற்றுக்கணக்கில் அடைகாத்துக்கொண்டிருந்தனவாம். ஒன்று மீனோடு வந்து இறங்கினால் இன்னொன்று எழுந்து பறக்கும், முட்டை ஒரு நிமிடம்கூடத் தனியாகக் கிடக்காது என்பார். லாரி பழுதானதைத் தன் வாழ்க்கையின் பெரிய அதிர்ஷ்டமாகவே அவர் சொல்லிக்கொண்டிருந்தார்.

கட்டபெட்டுக்குப் பக்கத்தில், எஸ்டேட் தொழிலாளர் வரிசையில் இருந்த எங்கள் லைன் வீட்டில் சாப்பாட்டு நேரத்துக்கெல்லாம் அந்த ஆலாக்கள் வந்துவிடும். எனக்கு ஒன்பது வயதான ஏப்ரலில் பள்ளிக்கூடம் லீவு விட்டதும், குடும்பத்தோடு போய்ப் பார்த்துவிடுவது என்று அப்பா முடிவு செய்தார். காலண்டர் தாளைக் கிழித்து அதன் பின்பக்கம் வழி எழுதினார். ஊட்டி, கூடலூர், தேவாலா, பந்தலூர், சுல்தான் பத்தேரி, அப்புறம் கண்ணூர். போக ஒரு நாள், பார்க்க ஒரு நாள், திரும்ப ஒரு நாள். ஜூன் மழைக்கு முன் போய்விட வேண்டும், மழை வந்தால் குஞ்சுகள் பறந்துவிடும் என்றார். அந்தத் தாளை நான் தலையணைக்கடியில் வைத்துத் தூங்கினேன்.

தாளைப் படித்துக் காட்டியபோது அம்மாவின் முகம் தேவாலாவில் மாறியது.

"அந்த வழியாத்தான் போவோணுமுங்களா?"

"பஸ்சு நின்னா ரெண்டு நிமிசம் நிக்கும். நீ எறங்கவா போற?"

"நான் சன்னலச் சாத்திக்குவேன்" என்றாள் அம்மா.

தேவாலாவில் இருந்தது அம்மாவின் ஒரே அண்ணன். அம்மாவின் அப்பா இறந்தபோது கூடலூர் ரோட்டில் மரம் விழுந்து அம்மா வழியில் மாட்டிக்கொண்டாள். மாமா ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்காமல் எடுத்துவிட்டார். அம்மா போய்ச் சேர்ந்தபோது அடக்கம் முடிந்து எல்லாரும் குளித்துத் தலை துவட்டிக்கொண்டிருந்தார்களாம். இனி உன் வாசலை மிதிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தவள், ஐந்து வருடமாக மிதிக்கவில்லை. மாமாவைப் பார்த்த நினைவே எனக்குக் கிடையாது.

பயணத்தைக் கெடுத்தது தேவாலா அல்ல, லீவு. அப்பா ஷிப்ட் மாற்றிக்கொண்டார். அம்மா கொழுந்து பறிப்பவள். மே மாதத்தில் கொழுந்து திமுதிமுவென்று வரும், ஒரு நாள் விட்டாலும் முற்றிப்போகும். சூப்பர்வைசர் கையெடுத்துக் கும்பிட்டு, இப்போது மட்டும் கேட்காதே என்றாராம். அடுத்த வருடம் பார்க்கலாம் என்று அப்பா சொல்லிவிட்டார். பெரியவர்களுக்கு அடுத்த வருடம் என்பது எப்படி அவ்வளவு சுலபமாக வாயில் வருகிறதோ, எனக்குப் புரியவில்லை. நான் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

மே மாதத்திலும் கேள்வியே கேட்காமல் கொடுக்கிற லீவு ஒன்று இருந்தது. பக்கத்து வீட்டு அத்தைக்கு அவர் தங்கை இறந்த சேதி வந்தபோது, சூப்பர்வைசரே தொப்பியைக் கழற்றிக்கொண்டு மூன்று நாள் போய்வா என்றதை நான் பார்த்திருந்தேன். சரியாக மூன்று நாள்! யாரைச் சாகடிப்பது என்று யோசித்தேன். நம் வீட்டில் யாருக்கும் வலிக்காத சாவாக இருக்க வேண்டும். ஐந்து வருடமாகப் பேசாத ஒரு மாமாதான் கைவசம் இருந்தார்.

பேக்டரிக்குள் போன் கூடாது என்பதால் அப்பாவின் போன் பகலில் வீட்டில் இருக்கும். வந்தால் பச்சைப் பட்டனை அழுத்திப் பேசுவது என் பொறுப்பு, எனக்குத் தெரிந்ததும் அவ்வளவுதான். ஒரு நாள் காலை ஒன்பது மணிக்கு மலையேறிப் போய், கொழுந்து நிறுக்கும் தராசுக்குப் பக்கத்தில் நின்ற சூப்பர்வைசரிடம் சொன்னேன்.

"தேவாலா மாமா செத்துப்போயிட்டாருங்க சார். போன் வந்துச்சு."

அவர் தொப்பியைக் கழற்றினார். அதுவரை எல்லாம் நான் நினைத்தபடியே நடந்தது. அவர் சரிவில் இறங்கி அம்மாவிடம் சொல்வதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அம்மா கையிலிருந்த, கொழுந்து வெட்டும் கத்தரியைச் செடி மேலேயே விட்டாள். கொழுந்துப் பையோடு அப்படியே உட்கார்ந்தாள். மற்ற பெண்கள் ஓடிவந்து பையை அவள் முதுகிலிருந்து கழற்றினார்கள். என்னைக் கண்டதும் அவள் கேட்டது ஒன்றுதான்.

"எத்தன மணிக்குடி எடுக்கறாங்க?"

அதற்கு நான் பதில் தயார் செய்திருக்கவில்லை. மூன்று மணி என்றேன்.

அவ்வளவுதான், எஸ்டேட்டே பறந்தது. பஸ்ஸில் போனால் நேரமாகிவிடும் என்று சூப்பர்வைசர் ஒரு ஜீப்பைப் பிடித்துக் கொடுத்தார். அப்பா பேக்டரியிலிருந்து ஓடிவந்து சட்டையை மாற்றி, போனை எடுத்துக்கொண்டு ஏறினார். நான் அம்மாவுக்கும் அப்பாவுக்கும் நடுவில். இப்போது சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அம்மா என் தலையை மடியில் சாய்த்துக்கொண்டு, "உனக்குத் தாய்மாமன் இல்லாமப் போச்சே கண்ணு" என்று அழுதாள். திறந்த வாயை மூடிக்கொண்டேன். அன்றைக்கு இருந்த பயம் போல அதற்குப் பிறகு நான் எதற்கும் பயந்ததில்லை.

ஊட்டியில் டீசல் போட ஜீப் நின்றது. பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, கடைகளுக்கு நடுவே.

"ஏனுங்க, போன் வந்த நம்பருக்கே கூப்புட்டுச் சொல்லுங்க. நான் வர்ற வரைக்கும் எடுக்காம வெச்சிருக்கச் சொல்லுங்க" என்றாள் அம்மா. அப்பா போனை எடுத்தார். "நானாச்சும் ஒரு வார்த்த பேசியிருக்கலாமுங்க. எறங்கிப் போயிருக்கலாம். சன்னலச் சாத்திக்குவேன்னு சொன்னனே, என்ற வாயி!"

அப்பா போனையே வெகுநேரம் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். பிறகு அம்மாவை.

"சிக்னல் இல்ல புள்ள" என்று போனைச் சட்டைப்பையில் போட்டார். "அழுவாத. மூணு மணிக்குள்ள போயிரலாம்."

சிக்னல் இல்லாததற்காக நான் மனதுக்குள் எல்லாச் சாமியையும் கும்பிட்டேன்.

கூடலூரில் ஒரு ரோஜா மாலையும் கோடித் துணியும் வாங்கினார்கள். மாலையை அம்மா மடியிலேயே வைத்துக்கொண்டாள். தேவாலாவில் மாமா வீட்டு முன் ஜீப் நின்றபோது இரண்டரை மணி. வாசலில் கூட்டமில்லை. சாரல் படாமல் கூரைக்கடியில் ஒரு ஆள் உட்கார்ந்து பலாப்பழம் வெட்டிக்கொண்டிருந்தார். அம்மாவைக் கண்டதும் எழுந்தார்.

"வா புள்ள" என்றார். ஐந்து வருடத்துக்குப் பிறகு அவருக்கு வந்தது அந்த இரண்டு வார்த்தைதான். அப்புறம்தான் மாலையைப் பார்த்தார்.

அம்மா அந்த மாலையாலேயே அவரை அடித்தாள். பூ உதிர உதிர அடித்தாள். பிறகு அவர் மார்பில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள். கையெல்லாம் பலாப்பாலாக இருந்ததால் மாமா அவளைத் தொடாமல் இரண்டு கையையும் விரித்தபடி நின்றார். அவர் கண்களிலும் தண்ணீர். "அன்னிக்கு உனக்காவக் காத்திருந்திருக்கோணும் கண்ணு, தப்புப் பண்ணிப்போட்டேன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

எல்லாம் அடங்கியபின் அம்மா என் பக்கம் திரும்பினாள். நான் வாயெடுக்கும் முன் அப்பா சொன்னார்.

"எவனோ நம்பர் மாத்திப் போட்டுட்டான். கொழந்த என்ன பண்ணும்?"

அப்பா தானாகவே ஒரு காரணத்தைக் கண்டுபிடித்துக் கொடுத்தது என் அதிர்ஷ்டம் என்று நினைத்தேன்.

மூன்று நாளும் தேவாலாவிலேயே இருந்தோம். மூன்றாம் நாள் மழை பிடித்துக்கொண்டது. எஸ்டேட்டுக்குத் திரும்பியதும், உன் அண்ணனுக்கு ஆயுசு கெட்டி என்று பெண்கள் அம்மாவைக் கேலி செய்தார்கள். காலண்டர் தாளை அப்பா மடித்துப் பெட்டியில் வைத்தார். ஆலா பார்க்க நாங்கள் இன்றுவரை போகவில்லை. லீவு கிடைத்தபோதெல்லாம் அம்மா தேவாலாவுக்குப் போனாள்.

பத்து வருடம் கழித்து மாமா உண்மையாகவே போனார். அம்மா ஒரு வாரமாகப் பக்கத்திலிருந்து கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்தாள். நான் கோயம்புத்தூரில் நர்சிங் படித்துக்கொண்டிருந்தேன். யாருடைய போனிலிருந்தோ அம்மா கூப்பிட்டு, "மாமா போயிட்டாரு கண்ணு" என்றாள். அழுகையில் போன் கட்டாகிவிட்டது. எத்தனை மணிக்கு எடுக்கிறார்கள் என்று கேட்க வேண்டும். திருப்பிக் கூப்பிட, வந்த நம்பரைத் தேடி என் போனில் அழைப்புகளின் பட்டியலைத் திறந்தேன். யார், எந்த நாள், எத்தனை மணி என்று வரிசையாக இருந்தது. கை அப்படியே நின்றுவிட்டது.

ஊட்டி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே எந்தக் காலத்தில் சிக்னல் இல்லாமல் இருந்திருக்கிறது?