எட்டாத கம்பு

இலங்கை மலைநாட்டில், லிந்துலைப் பக்கம் நான் பிறந்த தேயிலைத் தோட்டத்தில், நான் கோடு போட்டுக் கொடுத்த ஒரே கட்டடம் இன்னும் நிற்கிறது. வெளியூரிலிருந்து வருகிறவர்கள் ‘ஆகா, என்ன அழகு’ என்று படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். எனக்கு அதைப் பார்க்கும்போதெல்லாம் கண் தானாக மலைப்பக்கம் போகும்.

சுனாமிக்குப் பிறகு கரையோரத்துக்கு வந்த தொண்டு அமைப்புகளில் ஒன்று, அங்கே வேலை முடிந்ததும் மலைக்கு ஏறி வந்தது. தோட்டத்துப் பெண்கள் கூடி உட்கார்ந்து மனம் விட்டுப் பேச, அழ, ஓர் இடம் வேண்டுமாம். சீமெந்து கூடாது, மரமும் கூரை வேய மானாப்புல்லும் மட்டும், மூலையே இல்லாத வட்டமாக இருக்க வேண்டும் என்றார்கள். நுவரெலியாவில் வீட்டுப் படம் வரைந்துகொண்டிருந்த என்னைப் பிடித்தார்கள். கம்புகளை முக்கோணம் முக்கோணமாகப் பூட்டி, பாதிப் பந்து மாதிரி எழுப்புகிற கூடம் அது. கம்புக்கு இரண்டே அளவு, நெட்டை ஒன்று, குட்டை ஒன்று. கொஞ்சம் பிசகினாலும் பூட்டு விழாது. ஆறுதல் கூடம் என்று அமைப்பு பெயர் வைத்தது. கொழுந்துக் கூடையைக் கவிழ்த்து வைத்த மாதிரி இருந்ததால் லயத்து வரிசை வீடுகளில் இருந்த சனம் ‘கவுத்த கூடை’ என்றது.

கூடத்துக்குத் தோட்டத்தை நிர்வகிக்கிற துரை கொடுத்த இடம் எதற்கும் உதவாத ஒரு சரிவு. சும்மா கிடக்கிற இடத்தைத்தானே கொடுப்பார்கள். அதற்கு நேர் கீழே இருந்த லயத்தில் அக்கா இருந்தாள். அப்போதுதான் பிள்ளை பெற்றிருந்தாள்.

அக்கா புருசன், என் மச்சான், கம்பு அறுத்தார். உச்சியில் தொடங்கி, கட்டக் கட்டத் தூக்கிக்கொண்டே வந்து, கடைசியில் அடிவளையத்தை நிலத்தில் நட்ட கட்டைகளோடு பூட்ட வேண்டும். எல்லாம் விழுந்தது, கடைசிக் கம்பு மட்டும் எட்டவில்லை. இரண்டு விரல் குறைந்தது.

“என்ன மச்சான், அளந்து அறுத்தீங்களா, கண்ண மூடிக்கிட்டு அறுத்தீங்களா?”

“பச்ச மரம் புள்ள. காஞ்சு சுருங்கியிருக்கும்.”

மரம் தடிப்பில் சுருங்கும், நீளத்தில் சுருங்காது. இதை வேறு அவருக்குப் பாடம் எடுத்து, பக்கத்தில் நின்று நானே இடைவெளியை அளந்து, புதுக் கம்பு அறுக்கவைத்துப் பூட்டிவிட்டுப் போனேன். இரவெல்லாம் மழை. காலையில் வந்து பார்த்தால் ஆணி பிய்ந்து, கம்பு ஒரு பக்கம் தொங்குகிறது. தூக்கிப் பிடித்துப் பார்த்தேன், மறுபடி ஒரு விரல் குறைகிறது. கம்பு சரியாகத்தான் இருந்தது. தரை அகன்றுகொண்டிருந்தது.

மேலே தேயிலைக்குள் ஏறினேன். இரண்டு நிரைக்கு நடுவில் மண் பிளந்து கிடந்தது. கையிலிருந்த குடையை உள்ளே விட்டேன். பிடிவரைக்கும் போய்விட்டது.

துரைக்கு அடுத்த அதிகாரியான சின்னத்துரை வந்து எட்டிப் பார்த்தார். மழைக்காலத்தில் இதெல்லாம் சகஜம் என்றார். இருந்தாலும் மழை விடும்வரை லயத்துச் சனம் கோயில் மண்டபத்தில் போய் இருக்கட்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். சனம் பாயும் சட்டியுமாகக் கிளம்பியது. அக்கா மட்டும் அசையவில்லை.

“தீட்டு கழியாம கோயிலுக்குள்ள எப்படிடி வருவேன்?”

“மலை எறங்குனா தீட்டு பாத்துக்கிட்டா எறங்கும்?”

“வாயக் கழுவு. நான் இங்கயே இருக்கேன். நீங்கல்லாம் போங்க.”

வேறு வீட்டுக்கும் வர மாட்டாளாம், அவர்களுக்கு ஒட்டுமாம். கெஞ்சினேன், திட்டினேன். பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டாள். அந்தச் சுவருக்குப் பின்னால்தான் மலை.

அப்போதுதான் கூடம் நினைவுக்கு வந்தது. இன்னும் புல் வேயவில்லை, பால் காய்ச்சவில்லை, சாமி படம் மாட்டவில்லை. அது வீடும் இல்லை, கோயிலும் இல்லை. அங்கே தீட்டு என்ன செய்யும்? கட்டையிலிருந்து கழற்றச் சொன்னேன். ஆம்பளைகள் சுற்றி நின்று, தேயிலைக்கு மேலாக அதை அப்படியே தூக்கிக்கொண்டு ஃபெக்டரிக்குப் பக்கத்துக் கிரவுண்டில் இறக்கினார்கள். பெண்கள் கொழுந்தெடுக்கும்போது நனையாமல் இருக்க இடுப்பில் கட்டுகிற படங்குகளைக் கொண்டுவந்து மேலே போட்டார்கள். மச்சான் முதலில் அறுத்த கம்பு, நான் திட்டித் தீர்த்த அதே கம்பு, அங்கே சிக்கென்று விழுந்தது. மச்சான் என்னைப் பார்த்துக்கொண்டே ஆணியை அடித்தார். அக்கா பிள்ளையோடு உள்ளே வந்து படுத்தாள்.

மலை இறங்கவில்லை. மறுநாளும் இறங்கவில்லை. வெயில் வந்ததும் சனம் லயத்துக்குத் திரும்பியது. “எங்க புள்ள ஒன் மலை? பஸ் கெடைக்கலயா?” என்று என்னைக் கண்ட இடத்திலெல்லாம் கேலி செய்தார்கள். அக்காவும் திரும்பிப் போனாள். வெடிப்புக்குள் மண்ணைப் போட்டு மிதித்து, மேலே இளம் தேயிலை நட்டார்கள். இப்போது அந்த இடம் எது என்று யாருக்கும் காட்டத் தெரியாது.

கூடத்தைக் கிரவுண்டிலேயே விட்டுவிட்டார்கள். புல் வேய்ந்தாயிற்று. மாதா மாதம் பெண்கள் கூடுகிறார்கள், புருசன் குடிப்பதைச் சொல்லி அழுகிறார்கள், லேசாகிப் போகிறார்கள். ஒரு கம்பும் இன்றுவரை அசையவில்லை. மலையைப் பற்றி மட்டும் அங்கே யாரும் பேசுவதில்லை.

நேற்று அக்கா எனக்குப் போன் எடுத்தாள். அன்று மடியில் கிடந்த மகளுக்கு, பள்ளிக்கூடத்துக்குக் காலில் போட்டுப்போகச் சப்பாத்து வாங்கி வரச் சொன்னாள். பேச்சோடு பேச்சாக, “ஒரு கிழமையா வாசக்கதவு மூட மாட்டேங்குது. மழைக்கு மரம் ஊதிருச்சு. மச்சான சீவச் சொல்லிருக்கேன்” என்றாள்.

“எங்க தட்டுது?”

“மேல ஒரு மூலையில தட்டுது. மத்த மூலையில வெரல் போகுது.”

மரம் ஊதினால் இடைவெளி விழாது, தரை நகர்ந்து நிலைதான் கோணியிருக்க வேண்டும். கதவைச் சீவ வேண்டாம், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இப்போதே கூடத்துக்குப் போ என்று கத்தினேன். “திரும்ப ஆரம்பிச்சிட்டியா” என்று சிரித்தாள். அவள் சிரிப்புக்குப் பின்னால் தகரத்தில் மழை விழுகிற சத்தம் கேட்டது.

தோட்டத்துக்குப் போகிற முதல் பஸ்ஸுக்கு நிற்கிறேன். அவள் வந்தால் வரட்டும், வராவிட்டால் போகட்டும். பிள்ளையை நான் தூக்கிக்கொண்டு வந்துவிடுவேன்.