விளம்பரங்களை ஒரு எட்டு பார்த்துவிட்டு வாருங்கள்

1. போன சனிக்கிழமை, டெக்ஸாஸின் ஃபிரிஸ்கோவில் எங்கள் வீட்டுப் பக்கத்துக் கடையில், மகள் கேட்டாளே என்று ஒரு ஸ்ட்ராபெரி யோகர்ட் கப்பை எடுத்தேன்.

2. எடுத்த கை தானாகவே அதைப் பின்பக்கம் திருப்பியது. ஜெலட்டின் என்று போட்டிருந்தது, விலங்கின் எலும்பிலும் தோலிலும் இருந்து எடுப்பது. திரும்ப வைத்துவிட்டேன்.

3. ஜெலட்டின் சாப்பிட எனக்கு எந்தத் தடையும் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை ஆட்டுக்கால் பாயா சாப்பிட்டு வளர்ந்தவள். இந்தத் திருப்பிப் பார்க்கும் பழக்கம் ரஹீமா கொடுத்தது.

4. ரஹீமாவும் நானும் 2007-லும் 2008-லும் கலிஃபோர்னியாவின் சன்னிவேலில் இருந்தபடி ஓர் இணையதளம் நடத்தினோம். அதில் விளம்பரம் போட்டோம். வந்த பணம் கீழக்கரையில் அவளுடைய உம்மாவின் டயாலிசிஸுக்குப் போனது.

5. அந்தப் பணம் ஒரே நாளில் நின்றது. நின்றதற்குக் காரணம் நான்.

எனக்கு வேலை மென்பொருள் சோதிப்பது. எதையும் வரிசை எண் போட்டு எழுதினால்தான் கை ஓடும். ஆனால் ஐந்துக்கு மேல் எண் போட்டு எழுத முடியவில்லை, முயன்று பார்த்துவிட்டேன். மீதியை ஞாபகத்துக்கு வருகிற வரிசையில் சொல்கிறேன்.

ரஹீமாவை நான் முதலில் பார்த்தது எங்கள் அபார்ட்மெண்டின் துணி துவைக்கும் அறையில். மற்றவர்கள் பத்திரிகையோ ஃபோனோ பார்த்துக்கொண்டு காத்திருக்கும் இடத்தில், அவள் ஒரு பிரெட் பாக்கெட்டை வெளிச்சத்தில் பிடித்துப் படித்துக்கொண்டிருந்தாள். நான் தமிழ் என்று எப்படித் தெரிந்ததோ, முதல் வாக்கியமே இதுதான்: "இந்த ரொட்டி சாஃப்ட்டா இருக்க என்னா சேக்குறான் தெரியுமா? கோழி ரெக்கையிலேர்ந்து எடுத்தது. சில நேரம் மனுச முடியிலேர்ந்தும் எடுப்பான்." அன்று நான் வாங்கி வைத்திருந்ததும் அதே பிரெட். அந்த வாரம் முழுக்க தோசைதான் சாப்பிட்டேன்.

மதுரையில் வேதியியல் எம்.எஸ்ஸி. முடித்தவள். கணவர் சலீமுடன் வந்தவளுக்கு எச்-4 விசா. வேலை பார்க்கக் கூடாது. வகுப்பில் முதலாவதாக வந்தவள் நாள் முழுக்கக் கடைகளில் நின்று, சாமான்களின் பின்பக்கம் படித்து, ஒரு நீள நோட்டில் எழுதிக்கொண்டிருந்தாள். எது ஹலால், எது இல்லை, எது தெரியவில்லை என்று மூன்று கட்டம். தெரியாததற்கெல்லாம் பாக்கெட்டில் இருக்கும் இலவச எண்ணுக்கு ஃபோன் செய்து, "யுவர் என்சைம், இஸ் இட் ஃப்ரம் அனிமல் ஆர் ஃப்ரம் பிளாண்ட்?" என்று கேட்டுத் தெரிந்துகொள்வாள். பதில் சொல்பவர்கள் முதலில் எரிச்சல்படுவார்கள். மூன்றாவது முறை பேரைச் சொல்லி நலம் விசாரிப்பார்கள்.

அந்த நோட்டை நான் இணையதளமாக்கினேன். "நாலாவதா ஒரு கட்டம் போடு, சுத்த சைவம்னு. அவங்களும் நம்மள மாதிரித்தான் தவிக்கிறாங்க" என்றாள். போட்டோம். ஆறே மாதத்தில் நியூ ஜெர்ஸியிலிருந்தும் டெக்ஸாஸின் கேட்டியிலிருந்தும் மடல்கள் வரத் தொடங்கின. ஹலால் பார்ப்பவர்களைவிட மாமிகள்தான் அதிகம். "இந்தச் சிப்ஸ்ல இருக்கிற சீஸ் எதுலேர்ந்து வருதும்மா, கொஞ்சம் விசாரிச்சுச் சொல்லேன்" என்று ஒரு ஆன்ட்டி கேட்டிருந்தார். சொந்த மகளிடம் கேட்கிற மாதிரி இருந்தது. ரஹீமா அதை இரண்டு முறை வாசித்துக் காட்டினாள்.

விளம்பரம் போடலாம் என்பது என் யோசனை. அது என்ன பெரிய வித்தை என்று நினைப்பவர்களுக்காக: ஒன்றுமில்லை. விளம்பர நிறுவனத்தில் பதிவு செய்தால் நாலு வரி நிரல் தருவார்கள். அதைப் பக்கத்தில் ஒட்டினால், ஒரு இயந்திரம் பக்கத்தில் உள்ள சொற்களைப் படித்துப் பொருத்தமான விளம்பரத்தைக் கொண்டுவந்து வைக்கும். படிக்க வந்தவர் அதை அமுக்கினால் நமக்குச் சில சென்ட். அவ்வளவுதான். யாரிடமும் போய்க் கேட்க வேண்டாம், யார் முகத்தையும் பார்க்க வேண்டாம். ரஹீமாவுக்குப் பிடித்தது அதுதான். மாதா மாதம் சலீமிடம் "உம்மாவுக்கு அனுப்பணும்" என்று கேட்பதை அவள் வெறுத்தாள். அவர் ஒரு நாளும் மறுத்ததில்லை. மறுக்காததுதான் கூடுதலாகக் குத்துகிறது என்பாள்.

முதல் நாள் நிரலை ஒட்டிவிட்டு இருவரும் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தோம். பன்றிக் கொழுப்பு எதில் எதில் இருக்கிறது என்ற பக்கம். இயந்திரம் பன்றி என்ற சொல்லை எண்ணிப் பார்த்திருக்கும் போல. வரிசையாக நான்கு விளம்பரங்கள்: வீட்டு வாசலுக்கே வரும் பேக்கன், புகையில் வாட்டிய தொடை, இன்னும் இரண்டு.

ரஹீமா துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "உம்மா மட்டும் இதப் பாத்தாங்க, என்னய தலமுழுகிருவாங்கடி."

அன்றிலிருந்து தடைப் பட்டியல் போடுவது என் வேலை. பேக்கன், ஒயின், ஜோடி சேர்த்துவைக்கும் தளங்கள் ஒவ்வொன்றாக வெளியே போயின. கடைசியில் வீட்டுக் கடன், கிரெடிட் கார்டு. அங்கே நான் தயங்கினேன். இருப்பதிலேயே அதிகம் கொடுப்பவை அவைதான், ஒரு அமுக்கலுக்குப் பேக்கனைப்போல் பல மடங்கு.

"வட்டிக் காசுல உம்மாவுக்கு ரத்தம் சுத்தம் பண்ணவா?" என்றாள். தடுத்துவிட்டேன்.

வேலை பார்க்கக் கூடாத விசாவில் இருப்பவள் பேரில் கணக்கு வேண்டாம் என்று, கீழக்கரையில் உம்மாவோடு இருந்த அவள் தம்பி ஜப்பார் பேரில் திறந்திருந்தோம். உம்மாவை வாரம் இரண்டு முறை காரில் ராமநாதபுரம் கூட்டிப் போய் ஊசி குத்துவதிலிருந்து திரும்பி வருவதுவரை கூடவே இருப்பவன் அவன்தான். முதல் காசோலை வந்த அன்று அவன் அக்காவிடம் பேசியது இன்னும் காதில் இருக்கிறது. "லாத்தா, அமெரிக்கா செக்கு வந்துருச்சு. பேங்க் மேனேஜரே எந்திரிச்சு வந்து தொட்டுப் பாத்தாரு." அது பணமாக மாற ஒன்றரை மாதம் ஆனது. மாறியபோது டயாலிசிஸ் செலவில் பாதியும் கார் வாடகையும் சரியாகிவிட்டன. மீதியைச் சலீம் போட்டார்.

ஜப்பாருக்குப் பஜாரில் சின்னதாக ஒரு செருப்புக் கடை. தினமும் கடை திறக்கும் முன் எதிரே இருந்த பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து எங்கள் தளத்தைத் திறப்பான். ஏதாவது ஒரு விளம்பரத்தை ஒரே ஒரு முறை அமுக்குவான். ஏன் என்று கேட்டதற்கு, "போணி லாத்தா. மொதப் போணி நம்ம கையால ஆனாத்தான் நாள் ஓடும்" என்றான். ரஹீமாவுக்குச் சிரிப்பு. எனக்கு இல்லை. சொந்தத் தளத்தின் விளம்பரத்தைச் சொந்தக்காரரே அமுக்குவதும் பிறரை அமுக்கச் சொல்வதும் கணக்கையே மூடிவிடும் குற்றங்கள். அவனோடு நானே ஃபோனில் பேசினேன். விதிகளை ஒன்று, இரண்டு, மூன்று என்று சொன்னேன். "சரிக்கா, இனி கை வைக்க மாட்டேன்" என்றான். கை வைக்கவும் இல்லை.

இதைக் கவனித்துக்கொள்ளுங்கள். விதிகளை எடுத்துச் சொன்னது நான்.

2008 முடிகிற சமயம் சலீமுக்கு வேலை போனது. காலை அலுவலக ஷட்டில் பஸ்ஸில் என்னோடு போனவர், பதினோரு மணிக்கு ஒரு அட்டைப்பெட்டியுடன் டாக்ஸியில் திரும்பிவிட்டார். வேலை போனால் விசாவும் போகும். எல் கமினோ சாலையில் நாங்கள் வழக்கமாகச் சாப்பிடும் கடையில் மத்தியானம் அவரைப் போன்றவர்களின் கூட்டம் சேர்ந்தது, யாரும் அலுவலகத்துக்குத் திரும்பவில்லை. விளம்பரம் கொடுப்பவர்களும் கையை இறுக்கினார்கள். அதே எண்ணிக்கையில் ஆட்கள் வந்தும் எங்கள் வரவு பாதிக்குக் கீழே போனது. சலீமின் பாதியும் நின்றுவிட்டதால், உம்மாவுக்கு இருந்த ஒரே வழி அந்தத் தளம்தான்.

நான் பணம் கொடுக்கிறேன் என்றேன். "நீ இப்ப குடுப்ப. நாங்க போனப்புறம் உன்ட்ட எப்புடிடி கேப்பேன்?" என்றாள். அதற்கு மேல் பேசவிடவில்லை.

அதனால் ஒரு மடல் எழுதினேன். பல ஊர்த் தமிழ்ச் சங்கங்களுக்கும் பொதுவான மின்னஞ்சல் குழு ஒன்று இருந்தது, ரஹீமா அதில் இல்லை. அதற்கு எழுதினேன். தளத்தை நடத்தும் பெண்ணின் குடும்பம் கஷ்டத்தில் இருக்கிறது, தளத்துக்கு அடிக்கடி வாருங்கள் என்று எழுதி, கடைசியில் ஒரு வரி சேர்த்தேன்: "படித்து முடித்ததும் பக்கத்தில் உள்ள விளம்பரங்களையும் ஒரு எட்டு பார்த்துவிட்டு வாருங்கள்." அமுக்குங்கள் என்று எழுதவில்லை. அடுத்தவர் வேலையில் ஓட்டை கண்டுபிடித்துச் சம்பளம் வாங்குபவள் நான். என் வரியில் ஓட்டை இல்லை என்று எனக்கு நானே சான்றிதழ் கொடுத்துக்கொண்டேன்.

நம் மக்கள் எவ்வளவு நல்லவர்கள் என்று நான் கணக்குப் போடவில்லை. மொய் எழுதுகிற மாதிரி எழுதினார்கள். மறுநாள் நியூ ஜெர்ஸியிலிருந்து ஒரு அங்கிள் குழுவிலேயே பதில் போட்டிருந்தார்: "நானும் ஆன்ட்டியும் காலை காபி குடித்துக்கொண்டே ஆளுக்குப் பத்து அமுக்கிவிட்டோம். மற்றவர்களும் மறக்காமல் செய்யவும்." கீழே செய்துவிட்டோம், செய்துவிட்டோம் என்று முப்பது பேருக்கு மேல். அலுவலகத்தில் உட்கார்ந்து அதை மேலிருந்து கீழ்வரை படித்தேன். நிறுத்தச் சொல்லி எழுதலாம். எழுதினால் ஏன் என்று பேச்சு கிளம்பி, முதல் மடலை நான் எழுதியது ரஹீமா வரைக்கும் போகும். எழுதவில்லை.

மூன்றாம் நாள் கணக்கை மூடிவிட்டார்கள். ஐந்து வரி மடல். முறையற்ற அமுக்கல்கள், சேர்ந்திருக்கும் தொகை விளம்பரதாரர்களுக்கே திருப்பித் தரப்படும், முடிவு இறுதியானது. யார் அமுக்கினார்கள் என்று அதில் இல்லை. முறையிட்டு நான் எழுதிய இரண்டு கடிதங்களுக்கும் அதே ஐந்து வரி வந்தது.

தம்பிதான் அமுக்கியிருப்பான் என்பதில் ரஹீமாவுக்கு ஒரு நிமிடம்கூடச் சந்தேகம் வரவில்லை. அந்தச் சனிக்கிழமை காலை என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து, காலிங் கார்டு எண்ணைப் போட்டு, ஸ்பீக்கரில் தம்பியைக் கூப்பிட்டாள்.

"போணி பண்ணியா?"

"இல்ல லாத்தா."

"தம்பி, பொய் சொல்லாத. போணி பண்ணியா?"

"அல்லா மேல சத்தியமா இல்ல. அந்த அக்கா சொன்ன அன்னைக்கே விட்டுட்டேன்."

"சத்தியம் வேற பண்றியா நீ? உம்மா உசுருடா அது."

ஃபோனில் அவனுக்குப் பின்னால் உம்மா யாரிடமோ தண்ணீர் கேட்பது கேட்டது. டயாலிசிஸில் இருப்பவர்களுக்குத் தண்ணீரும் அளந்துதான். என் மடியில் மடிக்கணினி இருந்தது. அனுப்பிய மடல் அதில் இருந்தது. திறந்து காட்ட இரண்டு நொடி போதும். நான் ரஹீமாவின் முதுகைத் தடவிக்கொடுத்தேன்.

ஜனவரியில் காரையும் சோபாவையும் விற்றுவிட்டு அவர்கள் சென்னைக்குப் போனார்கள். வேலை தேடிச் சலீம் அலைந்துகொண்டிருந்த மாதங்களில் உம்மாவின் டயாலிசிஸ் வாரம் ஒன்றானது. ஜப்பார் பஜாரில் வட்டிக்கு வாங்கி இரண்டாவதையும் கொஞ்ச நாள் ஓட்டினான். கோடைக்கு முன் உம்மா இறந்துவிட்டார். வட்டி விஷயம் நாற்பதாம் நாள் ஃபாத்திஹாவுக்கு வந்த கடன்காரர் மூலம் ரஹீமாவுக்குத் தெரிந்தது. ஃபோனில் என்னிடம் சொன்னாள், அழாமல்: "எங்க உம்மா உடம்புல வட்டிக் காச ஓடவச்சுட்டான்டி. எல்லாம் அவன் கைய வச்சதாலதான்."

நான் "ம்" என்றேன்.

பிறகு நான் வேலை மாறி டெக்ஸாஸ் வந்தேன். தளத்தின் பெயரைப் புதுப்பிக்க வேண்டிய தேதியில் புதுப்பிக்கவில்லை, வேறு யாரோ வாங்கிக்கொண்டார்கள். இப்போது திறந்தால் வெறும் விளம்பரங்கள். படிக்க ஒரு வரி இல்லை. மாமிகளின் கேள்விகளும், அவள் ஃபோன் செய்து வாங்கிய பதில்களும் எங்குமே இல்லை. நான் பிரதி எடுத்து வைக்கவில்லை.

ரஹீமா சென்னையில் ஒரு பள்ளியில் வேதியியல் நடத்துகிறாள். ஜப்பார் கடையை விற்றுக் கடனை அடைத்துவிட்டு, இன்னொருவர் கடையில் வேலைக்கு நிற்கிறான். அவனுக்குக் கல்யாணம் நடந்தது, அக்கா போகவில்லை. அவர்கள் பேசிக்கொள்வதில்லை. பெருநாளுக்கு ரஹீமா எனக்கு ஃபோன் செய்வாள், அரை மணி நேரம் பேசுவோம். தம்பியைப் பற்றி அவள் எடுப்பதில்லை. நானும் எடுப்பதில்லை.