ஹாஜியாரின் பேரில் ஒரு பூசணிக் கொடி

சாய்ந்தமருதுத் தையல்காரி சுல்பிகாவுக்கு வாய் கூடுதல். இதை அவளே மறுப்பதில்லை. சட்டை இறுகுது என்று வருகிறவர்களிடம், "சட்ட இறுகல்லகா, நீங்கதான் பெருத்திருக்கீங்க" என்று சொல்லிவிட்டுத்தான் தையலைப் பிரிப்பாள். ஆனாலும் ஆட்கள் அவளிடமே வந்தார்கள். அவளுடைய தையல் உறுதி. காத்திருக்கிற நேரத்துக்கு ஊர்க்கதையும் கிடைக்கும். புருசன் ஹஸன் ஓட்டோ ஓடுகிறவன், அளந்து பேசுகிறவன். வீட்டில் இரண்டு பேருக்கும் சேர்த்து ஒருத்தி பேசினால் போதும் என்று விட்டுவிட்டான்.

சவளக்கடையில் சுல்பிகாவுக்கு அரை ஏக்கர் மேட்டு நிலம் இருந்தது. கலியாணத்துக்கு உம்மா எழுதிக் கொடுத்தது. இருபத்தைந்து வருசமாக அதில் எருக்கலையும் கட்டாக்காலி மாடுகளும்தான் சீவித்தன. பசளை உரத்துக்குத் தட்டுப்பாடு வந்து ஊரெல்லாம் திட்டித் தீர்த்த அந்த வருசம், சுல்பிகா வீட்டு வளவில் மீன் கழிவை மண்ணில் தாட்டு அதன்மேல் கத்தரி நட்டாள். கத்தரி காய்த்துத் தள்ளியது. பக்கத்து வீட்டார் வாங்கிப்போய் ருசித்து, மறுபடியும் வந்தார்கள். அன்றிலிருந்து அவளுக்கு ஒரே எண்ணம்: சவளக்கடைக் காணியில் மருந்து, இரசாயனப் பசளை எதுவும் போடாத தோட்டம்.

அதற்குக் கிணற்றைத் தூர் எடுக்க வேண்டும், மாட்டுக்கு வேலி அடைக்க வேண்டும், தண்ணீர் இறைக்க ஒரு மோட்டர் வேண்டும். வங்கியில் கேட்டபோது, பிணை நிற்க இரண்டு அரசாங்க உத்தியோகத்தர்களைக் கூட்டி வரச் சொன்னார்கள்.

"அவ்வளவு பெரிய ஆக்கள் எனக்குச் சொந்தத்தில இருந்தா நான் ஏன் சேர் இஞ்ச வாறன்?" என்று கேட்டுவிட்டு எழுந்து வந்தாள்.

பிறகு ஒருநாள், ஏதோ ஒரு தேசத்தில் ஒரு பெண் பண்ணை போட ஊர் உலகத்திடம் காசு சேர்ப்பதையும், கொடுத்தவர்களுக்குத் தன் கையால் செய்த ஜாம் அனுப்புவதையும் போனில் பார்த்தாள். பாஷை விளங்கவில்லை. ஜாம் விளங்கியது. அன்று பின்னேரமே முகநூலில் தானும் ஒன்றை எழுதினாள். கொஞ்சம் தருகிறவர்களுக்கு வீட்டில் இடித்த காரக் கொச்சிக்காய்த் தூளும் தேசிக்காய் ஊறுகாயும். கூடத் தருகிறவர்களுக்கு மருதமுனைக் கைத்தறிச் சாரத் துண்டுகளை ஒட்டித் தைத்த முசல்லா, தொழுகை விரிப்பு. பத்தாயிரம் தருகிறவர்களின் பேரில் தோட்டத்தில் ஒரு கொடியோ செடிக்கண்டோ நடப்படும். வெள்ளிக்கு வெள்ளி அதன் சுகசெய்தி வாட்ஸ்அப் குழுவில் குரல்பதிவாக வரும். முதல் காய் வீடு தேடி வரும்.

"இது பிச்ச எடுக்கிற மாதிரி இல்லையா?" என்று ஹஸன் மெல்லக் கேட்டான்.

"எந்தப் பிச்சக்காரன் ஒங்களுக்கு முசல்லா தைச்சுத் தந்தவன்?"

ஹஸன் ஓட்டோவைத் துடைக்கப் போய்விட்டான்.

காசு வரத் தொடங்கியது. கல்முனையில் தாதியாக இருக்கும் கேசினி ஒரு கத்தரி எடுத்தாள். கட்டாரில் சாரதியாக இருக்கும் பர்ஸான் தன் மாமியாரின் பேரில் ஒரு கொச்சிக்காய்க் கண்டு எடுத்தான். ஏன் கொச்சிக்காய் என்று சுல்பிகா கேட்கவில்லை. குழுவில் இருந்த நூற்றுச் சொச்சம் பேரும் கேட்கவில்லை. மாமியார் மட்டும் கேட்டாராம்.

இப்படி இருக்கும்போதுதான் ஒரு காலையில் ஷரிபுதீன் ஹாஜியார் வீட்டு வாசலில் வந்து ஸலாம் சொன்னார். பசாரில் பசளையும் கிருமிநாசினியும் விற்கிற பெரிய கடை அவருடையது. சுற்றுவட்டாரத்து வயற்காரர் எல்லாரும் போகத்துக்குப் போகம் அவருடைய கடைப் படி ஏறி இறங்குகிறவர்கள்தான்.

"சுல்பிகா, எனக்கும் ஒரு கொடி தா. பூசணி. என்ட பேரப் பெரிசா எழுதி வை, எல்லாருக்கும் தெரியட்டும்."

காசை அந்த இடத்திலேயே கொடுத்தார். மருந்து விற்கிறவருக்கு மருந்தில்லாத தோட்டத்தில் என்ன வேலை என்று சுல்பிகாவுக்கு விளங்கவில்லை. விளக்கத்தை மத்தியானம் ஹஸன் தேத்தண்ணிக் கடையிலிருந்து கொண்டு வந்தான்.

"மருந்தில்லாம பூசணி வண்டுக்கு முன்னால நிக்காதாம். அவர்ட பேர் போட்ட கொடி செத்துக் கிடக்கிறத ஊரெல்லாம் போனில பாக்கணுமாம். அத விட வேற விளம்பரம் வேணுமா எண்டு சொல்லிச் சிரிக்கார்."

சுல்பிகா சிரித்த சிரிப்பில் வாயில் கடித்திருந்த குண்டூசிகள் மேசையில் கொட்டின. "அந்த மனிசன் காசு குடுத்து அவருக்கே சூனியம் வச்சிருக்கார். நல்லது, பாப்பம்."

சேர்ந்த காசில் கிணறும் வேலியும் மோட்டரும் முடிந்து, மாசி பிறந்ததும் நட்டாள். ஹாஜியாரின் கொடிக்குப் பக்கத்தில் பலகை நட்டு, தூரத்து வரம்பில் போகிறவருக்கும் தெரிகிற எழுத்தில் பேரை எழுதினாள். வெள்ளிக்கிழமைக் குரல்பதிவுகளும் தொடங்கின.

"அஸ்ஸலாமு அலைக்கும். ஷரிபுதீன் ஹாஜியார் ரெண்டு இல விட்டிருக்கார், மாஷா அல்லாஹ்."

நான்கு கிழமை கழித்து: "ஹாஜியார் வரம்பு தாண்டிப் போய்த்து வல்லிபுரம் அண்ணன்ட காணிக்க தலையப் போட்டுட்டார். பிடிச்சு இஞ்சால இழுத்து விட்டிருக்கி. ஒருத்தரும் குறை நினைக்காதீங்க."

ஹாஜியாரின் வீட்டு மதில் பக்கத்து வளவுக்குள் ஒரு முழம் புகுந்து நிற்பது ஊரில் எல்லாருக்கும் தெரியும். அந்தக் குரல்பதிவை எத்தனை பேர் எத்தனை பேருக்கு அனுப்பினார்கள் என்று கணக்கில்லை.

ஏழாவது வெள்ளி சுல்பிகாவின் குரல் இறங்கிவிட்டது. "ஹாஜியாருக்கு வண்டு விழுந்திட்டு. உடம்பெல்லாம் ஓட்ட. எல்லாரும் துஆ செய்ங்க."

ஊர் அதைக் கையில் எடுத்துக்கொண்டது. பள்ளிவாசல் படியில் ஒருவர், "ஹாஜியார், இப்ப ஓட்டையெல்லாம் எப்பிடி?" என்று விசாரித்தார். கடைக்கு வந்தவர்கள் பசளை மூடையை மறந்து அவருடைய இலைகளைப் பற்றிக் கேட்டார்கள். ஹாஜியாரின் மனைவிக்குச் சித்தி லைலா என்று பேர். அவளுடைய தங்கச்சி, யாரோ சொன்னதை அரைகுறையாகக் கேட்டுவிட்டு, பழமும் பிஸ்கட்டும் வாங்கிக்கொண்டு அட்டாளைச்சேனையிலிருந்து பஸ் ஏறி நோயாளி பார்க்கவே வந்துவிட்டாள். வந்தவள் மச்சான் சோறு தின்றுகொண்டிருந்ததைப் பார்த்துக் கொஞ்சம் ஏமாந்தும் போனாள்.

ஆனால் சுல்பிகாவுக்கு உள்ளுக்குள் பயம் பிடித்திருந்தது. வண்டு விழுந்தது பொய்யில்லை. சிவப்பு வண்டு, கூட்டம் கூட்டமாக. சாம்பல் தூவினாள், கையால் பொறுக்கினாள், ஒன்றுக்கும் மசியவில்லை. எல்லா வைத்தியமும் தனக்குத் தெரியும் என்று முகநூலில் எழுதியிருந்தாள். அது முழுப் பொய்யில்லை, முக்கால் பொய். இந்தக் கொடி செத்தால் ஹாஜியார் சொன்னதுதான் சரி என்றாகும். தெரியாத தேசத்திலிருந்து நம்பிக் காசு அனுப்பியவர்களின் முகத்தில் எப்படி முழிப்பது? இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. ஹஸனோடுகூடச் சண்டை பிடிக்கவில்லை. அதைப் பார்த்துத்தான் ஹஸனும் பயந்தான்.

ஒரு செவ்வாய்க்கிழமை, வழமையாக அவள் போகாத மத்தியான நேரத்தில், ஹஸன் அவளைச் சவளக்கடையில் கொண்டுபோய் இறக்கினான். பக்கத்துக் காணிக்காரர் வல்லிபுரத்தின் வைக்கோல் போருக்குப் பின்னால் ஒரு வெள்ளைக் கார் ஒளித்து நிறுத்தியிருந்தது. உள்ளே போனால், பூசணிப் பாத்தியில் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு ஷரிபுதீன் ஹாஜியார் குந்தியிருந்தார். கையில் தெளிக்கிற போத்தல். இலைகளைப் புரட்டிப் புரட்டி அடியில் அடித்துக்கொண்டிருந்தார்.

"நில்லுங்க ஹாஜியார்!" சுல்பிகா போட்ட சத்தத்தில் கொக்குகள் எழும்பின. "மருந்தடிச்சு என்ட தோட்டத்த நாசமாக்க வந்த நீங்களா?"

ஹாஜியார் எழும்பப் பார்த்துக் கால் மரத்துப்போய் அப்படியே பாத்தியில் இருந்துவிட்டார். வரம்பில் நின்ற வல்லிபுரத்துக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

"நாலு நாளா வாறார் தங்கச்சி. உங்களிட்டச் சொல்ல வேணாமெண்டு கெஞ்சினவர்."

சுல்பிகா போத்தலைப் பறித்து மணந்து பார்த்தாள். வேப்பெண்ணெய். உள்ளிப் பூண்டு. துணி தோய்க்கிற சவர்க்காரம். மறுபடியும் மணந்தாள். கடை மருந்தின் வாடை ஒரு துளியும் இல்லை. இலைகளைப் பார்த்தாள். வண்டுகள் குறைந்திருந்தன, நுனியில் புதுக் கொழுந்து வந்திருந்தது.

"இது ஒங்கட கடைச் சாமான் இல்லையே?"

"கடைச் சாமானக் கொண்டந்து அடிச்சா, மருந்தடிச்ச கொடி எண்டு நீ அதையும் போனில சொல்லுவாய்" என்றார் ஹாஜியார். "ஊரெல்லாம் என்ட பேரில வண்டு விழுந்து கிடக்கி. ராவைக்கு நித்திர இல்ல. நம்மட வீட்டு வளவுக்கு அடிக்கிறதத்தான் கொண்டு வந்த."

"வீட்டுக்கா? அப்ப கடையில விக்கிறது?"

"அத வீட்டு வளவுக்குள்ள அடிக்கச் சித்தி லைலா விடுவாளா? நம்மட புள்ளையள் திங்கிற சாமானுக்கு..." என்று தொடங்கியவர், தான் என்ன சொல்லிவிட்டோம் என்பதைப் பாதியில் கண்டுகொண்டு வாயை மூடினார்.

சுல்பிகா கைப்பையிலிருந்து மெதுவாகப் போனை எடுத்தாள்.

"சுல்பிகா, அல்லாஹ்வுக்காக அத வை."

"நான் என்னத்தையும் போட்டனா?"

"அப்ப நானும் ஒண்டு சொல்லட்டா?" ஹாஜியாருக்குக் கொஞ்சம் தைரியம் வந்துவிட்டது. "நீ தூவினது ஈரச் சாம்பல். வண்டு அதில குளிச்சிட்டுப் போகும். காய்ஞ்ச சாம்பல விடிய வெள்ளாப்பில, பனி இருக்கச்சே தூவணும். எல்லாம் தெரியுமெண்டு எழுதிக் காசு வாங்கின ஆளுக்கு இது தெரியாதா?"

சுல்பிகா குனிந்து பாத்தியில் கிடந்த சாம்பலைக் கிள்ளிப் பார்த்தாள்; கட்டிபட்டிருந்தது. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். வல்லிபுரம் இரண்டு பேரையும் பார்த்தார். கடைசியில் போனைப் பைக்குள் வைத்துவிட்டு அவளும் வரம்பில் உட்கார்ந்தாள்.

பேச்சு அரை மணித்தியாலம் நடந்தது. வேப்பெண்ணெய்க் கலவையைத் தோட்டம் முழுவதற்கும் ஹாஜியார் தர வேண்டும். கடையிலும் ஒரு தட்டில் அதை வைத்து விற்க வேண்டும். சவளக்கடைக்குப் பசளை இறக்கிவிட்டு வெறுமையாகத் திரும்புகிற அவருடைய லொறி, கிட்டங்கித் தாம்போதிப் பாலம் தாண்டி மரக்கறிக் கூடைகளைப் பசாருக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். ஈரச் சாம்பல் பற்றி அவர் மூச்சு விடக்கூடாது. வீட்டு வளவு பற்றி அவள் மூச்சு விடக்கூடாது. வல்லிபுரத்தின் வாய்க்கு என்ன விலை என்று கேட்டபோது, "எனக்கு ரெண்டு பூசணிக்காய் போதும்" என்றார் அவர்.

வெள்ளிக்கிழமைக் குரல்பதிவு வந்தது. "அல்ஹம்துலில்லாஹ், ஹாஜியாருக்குச் சுகம். ஒரு வைத்தியர் வந்து பாத்த. பேர் சொல்ல வேணாமெண்டு சொல்லிட்டார்."

அந்த வைத்தியர் யார் என்று ஊர் ஒரு மாதம் மண்டையை உடைத்தது.

வைகாசியில் ஹாஜியாரின் கொடி ஐந்து காய் தந்தது. இரண்டு சொன்னபடி வல்லிபுரத்துக்குப் போயின. பெரியது எட்டுக் கிலோ. அதைச் சுல்பிகா ஓட்டோவில் மடியில் வைத்துக் கொண்டுபோய்ச் சித்தி லைலாவின் கையில் கொடுத்தாள். சித்தி லைலா அதைத் தட்டிப் பார்த்துவிட்டு, "இவரெண்டா இன்னும் பெரிசாச் சொல்லித் திரிஞ்சார்" என்றாள். முசல்லாக்களும் தூளும் ஊறுகாயும் போக வேண்டிய இடங்களுக்குப் போய்ச் சேர்ந்தன. கேசினி கத்தரிக்காய்ப் பொரியலைப் படம் எடுத்துப் போட்டாள். கடையில், கிருமிநாசினி வரிசைக்குக் கீழே, பேர் ஒட்டாத போத்தல்கள் ஒரு தட்டு நிறைய நின்றன. என்ன என்று கேட்டால், "அது தையல்காரிட சாமான், எனக்கு ஒண்டும் தெரியா" என்று ஹாஜியார் சொல்வார். ஆனால் எத்தனை சொட்டுக்கு எவ்வளவு தண்ணீர் என்று சரியாகச் சொல்லிக் கொடுப்பார்.

மார்கழி மழையில் தோட்டத்தில் பாதி தண்ணீருக்குள் போயிற்று. மோட்டரைத் தோளில் தூக்கிக்கொண்டு ஹஸன் இடுப்பளவு தண்ணீரில் நடந்து வந்தான். சுல்பிகா ஒருநாள் அழுதாள். அடுத்த நாள் தையல் மெசினைத் துடைத்து, புதிதாகச் சாரத் துண்டுகளை வெட்டத் தொடங்கினாள். முகநூலில் மறுபடி எழுதியதும் முதலில் வந்தது ஷரிபுதீன் ஹாஜியார்தான்.

"இந்த முற பூசணி வேணா" என்றார் அவர், வாசலிலேயே நின்றபடி. "மண்ணுக்க விளையிறது ஏதாவது தா. ஆக்களுக்குக் கண்ணில படாம."

"மரவள்ளி?"

"ஓம், மரவள்ளி நல்லம்."

சுல்பிகா கணக்குக் கொப்பியை விரித்து அவருடைய பேரை எழுதினாள். "எழுதிட்டன் ஹாஜியார். ஆனா ஒண்டு சொல்லிப் போடுறன், மரவள்ளிக்கு எலிதான் பெரிய கரச்சல்."